பிலிம் இல்லாமல் படம் எடுக்கக் கற்றவர்கள்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் படித்த ஒருவர் போன வாரம் போன் செய்தார். மகள் கல்லூரியில் விஸ்காம் சேர்ந்திருக்கிறாள். இந்தப் பருவத்துக்குள் ஐந்து நிமிடக் குறும்படம் ஒன்றைத் தானே எடுத்து, தானே எடிட் செய்து கொடுக்க வேண்டுமாம். "நல்ல கேமரா இல்லாவிட்டால் இந்தப் படிப்பே வேண்டாம் என்று அழுகிறாள் டீச்சர். நகையை அடகு வைத்து வாங்கிக் கொடுத்துவிடலாமா?" என்று கேட்டார். இது அவர் வீட்டுப் பிரச்சினை மட்டுமல்ல. உங்களில் பலர் வீட்டிலும் இதே பேச்சு ஓடுவது எனக்குத் தெரியும். நான் கேமரா பிடித்தவள் அல்ல. ஆனால் சினிமா வரலாறு விரும்பிப் படிப்பேன். அதிலேயே இதற்குப் பதில் இருக்கிறது.

1919-ஆம் ஆண்டு, மாஸ்கோ நகரம். புரட்சி முடிந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. உள்நாட்டுப் போர் நடக்கிறது. ரொட்டிக்கே தட்டுப்பாடு. படம் எடுக்கத் தேவையான பிலிம் சுருள் வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும், அந்த வரத்தும் நின்றுபோயிற்று. அந்த வருடத்தில்தான் அங்கே அரசு ஒரு திரைப்படப் பள்ளியைத் தொடங்கியது. உலகின் முதல் திரைப்படப் பள்ளி என்று அதைத்தான் சொல்வார்கள். இன்றும் அது இயங்குகிறது.

அங்கே பாடம் நடத்த வந்தவர்களில் ஒருவர் லெவ் குலெஷோவ். அப்போது அவருக்கு வயது இருபது. அவரிடம் சேர்ந்தவர்களைப் பாருங்கள். புடோவ்கின் வேதியியல் படித்தவர், முதல் உலகப் போரில் ஜெர்மானியரிடம் கைதியாக இருந்தவர். பார்னெட் குத்துச்சண்டை வீரர். கோக்லோவா நடிப்பில் ஆர்வம் கொண்ட பெண். ஆர்வத்துக்குக் குறைவில்லை, பிலிம்தான் இல்லை. என்ன செய்வது?

"பிலிம் இல்லாத படங்கள்" எடுத்தார்கள்! கதையை எழுதுவது, அதை ஷாட் ஷாட்டாகப் பிரிப்பது, ஒவ்வொரு ஷாட்டிலும் யார் எங்கே நிற்பார், கை எப்படி அசையும், முகம் எந்தப் பக்கம் திரும்பும் என்று முடிவு செய்வது, பிறகு பார்வையாளர் முன்னால் அதே வரிசையில் நடித்துக் காட்டுவது. கேமரா ஓடாது. மற்ற எல்லாம் நடக்கும். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் நாங்கள் சக மாணவிகளையே பிள்ளைகளாக உட்கார வைத்து மாதிரிப் பாடம் எடுப்போம். அதுபோலத்தான் இதுவும். நிஜ வகுப்புக்குள் போகும் முன்பே, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது மனதில் பதிந்துவிடும்.

எடிட்டிங் கற்றது எப்படி? கையில் கிடைத்த பழைய படங்களை வைத்துத்தான். அமெரிக்க இயக்குநர் கிரிஃபித் 1916-இல் எடுத்த 'இன்டாலரன்ஸ்' மாஸ்கோவுக்கு வந்து சேர்ந்தது. நான்கு வேறு காலங்களில் நடக்கும் நான்கு கதைகளை மாற்றி மாற்றிப் பின்னிய படம் அது. அதை மறுபடி மறுபடி போட்டுப் பார்த்து, ஒரு துண்டுக்குப் பின் இன்னொரு துண்டு ஏன் வருகிறது என்று ஆராய்ந்தார்கள்.

குலெஷோவின் புகழ்பெற்ற சோதனை ஒன்று உண்டு. புடோவ்கின் பின்னாளில் எழுதியபடி சொல்கிறேன். மொஸ்ஜூகின் என்ற நடிகரின் பழைய படத்திலிருந்து, எந்த உணர்ச்சியும் காட்டாத முகத்தை எடுத்துக்கொண்டார்கள். அதே முகத்தை ஒரு கிண்ணம் சூப்போடு ஒட்டினார்கள். பிறகு சவப்பெட்டியில் கிடக்கும் பெண்ணோடு, அடுத்து பொம்மையோடு விளையாடும் சிறுமியோடு ஒட்டினார்கள். பார்த்தவர்கள் அந்த நடிகர் ஆழ்ந்த சிந்தனையை, துக்கத்தை, மகிழ்ச்சியை எவ்வளவு அருமையாகக் காட்டுகிறார் என்று பாராட்டினார்களாம். முகம் மாறவே இல்லை. பக்கத்தில் வைத்த காட்சிதான் மாறியது. அந்தத் துண்டுப் படம் இன்று இல்லை. பாடம் மட்டும் உலகம் முழுக்க நிலைத்துவிட்டது.

இன்னொரு சோதனையில் ஒரு ஆணும் பெண்ணும் மாஸ்கோவின் வெவ்வேறு இடங்களில் நடந்து வந்து சந்திக்கிறார்கள். நடுவில் அமெரிக்காவின் வெள்ளை மாளிகையைக் காட்டும் துண்டை ஒட்டினார்கள். பார்ப்பவர்களுக்கு எல்லாம் ஒரே ஊரில் நடப்பது போலத் தெரிந்தது. டிக்கெட் செலவில்லாமல் வாஷிங்டன்!

பெண்பிள்ளைகள் கவனிக்க வேண்டிய ஒருவர் எஸ்ஃபிர் ஷுப். வெளிநாட்டுப் படங்களை வெட்டித் திருத்தி உள்ளூர்த் திரையரங்குக்குத் தயார் செய்வது அவர் வேலை. 1924-இல் ஒரு ஜெர்மன் படத்தை அவர் திருத்தி எடிட் செய்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து வேலை கற்ற இளைஞர் யார் தெரியுமா? ஐசென்ஸ்டைன். அடுத்த வருடமே அவர் 'போர்க்கப்பல் பொட்டெம்கின்' எடுத்தார். ஷுப்போ 1927-இல், ஜார் மன்னர் காலத்துப் பழைய செய்திப் படத் துண்டுகளைத் தேடிச் சேர்த்து, அவற்றைக்கொண்டே 'ரொமானோவ் வம்சத்தின் வீழ்ச்சி' என்ற முழுநீளப் படத்தை உருவாக்கினார். அரச குடும்பத்தின் புகழுக்காக எடுத்த காட்சிகளே, அவர் அடுக்கிய வரிசையில் அந்த ஆட்சிக்கு எதிரான சாட்சியாகிவிட்டன.

நம் பக்கத்துக்கு வருவோம். சென்னையில் 1945-லேயே திரைப்படத் தொழில்நுட்பம் கற்பிக்கத் தொடங்கிவிட்டார்கள். புனேயில் பழைய பிரபாத் ஸ்டூடியோ வளாகத்தில் 1960-இல் திரைப்படக் கழகம் வந்தது. நம் ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை 1967-இல் உற்பத்தியைத் தொடங்கும்வரை பிலிமுக்கு வெளிநாட்டைத்தான் நம்பியிருந்தோம். ஆயிரம் அடிச் சுருள் ஒன்று ஓடுவது சுமார் 11 நிமிடம்தான். அதனால் யோசிக்காமல் கேமராவை ஓட விட முடியாது. வெட்டுவதும் கையால், ஒட்டுவதும் கையால். முதலில் முடிவெடு, பிறகு எடு என்பதே அன்றைய பயிற்சி.

இன்றைய பிள்ளைகளுக்கு நிலைமை நேர் எதிர். ஒரு சாதாரண செல்போனில் மணிக்கணக்காக எடுக்கலாம். தேர்ந்தெடுப்பதுதான் அவர்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதை எந்தக் கேமராவும் சொல்லித் தராது.

ஆகவே நான் அவருக்குச் சொன்ன பதில் இதுதான்: நகையை வைக்காதீர்கள். மகளை மூன்று பயிற்சிகள் செய்யச் சொல்லுங்கள்.

ஒன்று, கதையைப் பன்னிரண்டு கட்டங்களாகத் தாளில் வரையட்டும். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. யார், எங்கே, எவ்வளவு அருகில் என்பது தெரிந்தால் போதும். இரண்டு, பாட்டியின் முகத்தைப் பத்து விநாடி போனில் எடுத்து, அதே முகத்தை மூன்று வெவ்வேறு காட்சிகளோடு சேர்த்துப் பார்க்கட்டும். குலெஷோவ் செய்ததை வீட்டுத் திண்ணையிலேயே செய்துவிடலாம். மூன்று, உறவினர் வீட்டுக் கல்யாண வீடியோவை வாங்கி, இலவசமாகக் கிடைக்கும் எடிட்டிங் மென்பொருளில் மூன்று நிமிடமாகச் சுருக்கட்டும். எதைத் தூக்கி எறிவது என்பது அப்போதுதான் புரியும். ஷுப் கற்ற வழி அது.

கருவியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிலிம் கிடைத்தவுடன் குலெஷோவ் குழுவினரும் கேமராவைத்தான் தேடி ஓடினார்கள். 1924-இல் 'மிஸ்டர் வெஸ்ட்' பற்றிய நகைச்சுவைப் படத்தை எடுத்தார்கள். ஆனால் அதற்கு முன்பே அவர்கள் தயாராக இருந்தார்கள். கல்லூரியில் கேமரா இருந்தால் தன் முறையைக் கேட்டு வாங்க வேண்டும், கூச்சப்படக் கூடாது. மதிப்பெண்ணுக்காகப் படம் கேட்கும் கல்லூரி, வசதியில்லாத பிள்ளைக்குக் கருவி தருவதுதான் நியாயம். பெற்றோர் போய்ப் பேசுவதில் தவறே இல்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். என் மாணவர்களில் சிலர் இன்று எடிட்டிங், வீடியோ வேலையில் இருக்கிறீர்கள். கல்யாண வீடியோ எடுப்பவர்களும் இருக்கிறீர்கள். ஷுப்பின் பக்கத்தில் ஐசென்ஸ்டைன் உட்கார்ந்ததுபோல, உங்கள் மேசைக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளைக்கு நாற்காலி போடுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு போதும். யார் யாருக்கு முடியும் என்று எனக்குத் தெரியப்படுத்துங்கள். கேட்டு நிற்கும் பிள்ளைகளை நான் அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்