நாளிதழ்ப் பக்கத்திலிருந்து தோட்டத்துத் திடலுக்கு

1896இல் மலாக்காவின் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். மலாயாவில் வணிகத்துக்கென்றே எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் அது. அந்தத் துணிவு பலித்ததும் புக்கிட் ஆசஹானில் ஏறக்குறைய 3,000 ஏக்கர் நிலம் தோட்டமாக மாறியது. பிறகு ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, டுரியான் துங்கல், தெபோங் என்று மாநிலம் முழுக்க ரப்பர் பரவியது. கங்காணிகள் அழைத்துவந்த தமிழர்கள் லயங்கள் என்ற வரிசை வீடுகளில் குடியேறினார்கள். விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, பிறகு உளியும் வாளியுமாக வெளிக்காடு, வெயில் ஏறியதும் பால் சேர்க்கும் ஓட்டம். பிள்ளைகள் ஆயாக் கொட்டகையில்.

இந்த இடத்தில்தான் வாசகர்களுக்கென்று ஒரு திருவிழா முளைத்தது. பெரிய மண்டபத்தைத் தேடாமல், ஏழையின் கைக்கு எட்டாத கட்டணம் வைக்காமல், படிப்பவர்கள் தாமே கூடி நடத்திய விழா அது. அதற்குச் சற்று முன்பு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அறிவியல் புனைகதை வாசகர்கள் கூடத் தொடங்கிய கதையை அருகில் வைத்துப் பார்த்தால், இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்று தோன்றும். அந்த வேர், இதழின் வாசகர் கடிதப் பக்கம்.

மலாக்கா இரண்டு தமிழ் நாளிதழ் மையங்களுக்கு நடுவில் இருந்தது. வடக்கே கோலாலம்பூரில் 1924இல் நரசிம்ம ஐயங்கார் தொடங்கிய ‘தமிழ் நேசன்’. தெற்கே சிங்கப்பூரில் 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய ‘தமிழ் முரசு’. முரசு முதலில் வார இதழாக, ஒரு காசு விலையில் வந்தது. தோட்டத்தில் ஓர் ஆண் தொழிலாளியின் நாள் கூலி ஐம்பது காசை ஒட்டியே இருந்த காலம் அது. பெண்ணுக்கு அதிலும் குறைவு. ஒரு காசுக்கு ஓர் இதழ் என்றால் லயத்து வாசலிலும் அதை வாங்கலாம். எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, சுற்றியிருந்த பலர் கேட்டார்கள். தோட்டத்தில் ஒரே ஒரு பிரதிக்கு எத்தனையோ வாசகர்கள்.

வாசகர் கடிதம் எழுதியவர் தம் பெயரோடு தோட்டத்தின் பெயரையும் சேர்த்துக்கொள்வார். அந்த ஒட்டுப்பெயர் சிறிய விஷயமாகத் தெரியலாம். ஆனால் ஓர் இயக்கத்துக்கே அது அடிப்படை. மெர்லிமாவில் ஒருவர் எழுதியதை அலோர் காஜாவில் இன்னொருவர் படிப்பார். நேரில் பார்த்திராத அந்தப் பெயர் மனத்தில் தங்கிவிடும். ஒருநாள் அவரைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வரும்.

அமெரிக்காவில் நடந்ததும் இதேதான். 1926இல் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ என்ற இதழைத் தொடங்கினார். அறிவியல் புனைகதைக்கென்றே வந்த முதல் ஆங்கில இதழ் அது. அதில் வந்த வாசகர் கடிதங்களின் கீழே எழுதியவரின் முகவரியும் அச்சானது. முகவரியைப் பார்த்து வாசகர்கள் ஒருவருக்கொருவர் நேரடியாக எழுதத் தொடங்கினார்கள்; எழுதியவர்கள் சங்கம் வைத்தார்கள்; சங்கத்தார் கூட்டம் போட்டார்கள். 1937 ஜனவரியில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், பிரம்மஞான சபையின் அரங்கில், ஏறத்தாழ இருபது பேர் கூடினார்கள். அவர்களில் ஒருவர் ஆர்தர் சி. கிளார்க் என்ற இளைஞர். பின்னாளில் உலகப் புகழ்பெற்று 1956இல் இலங்கையில் குடியேறி, கடைசிவரை அங்கேயே வாழ்ந்தவர் அவர்தான். 1939 ஜூலையில் நியூயார்க்கில் முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு நடந்தபோது வந்தவர்கள் சுமார் 200 பேர். பாரஸ்ட் அக்கர்மன் வீட்டில் தைத்த ‘எதிர்கால’ உடையை அணிந்து வந்தார். அவருடைய தோழி மோரோஜோ அதைத் தைத்தவர். இன்றைய மாநாட்டு வேடப் போட்டிகளுக்கு அந்தத் துணியும் ஊசியுமே தொடக்கம்.

மலாயாவில் அந்த வளர்ச்சியைப் போர் குறுக்கே வெட்டியது. தம்பினிலிருந்து மலாக்கா நகருக்குச் சென்ற ரயில் பாதையை ஜப்பானியர் பெயர்த்து, சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். தண்டவாளத்தோடு தோட்டத்து மனிதர்களும் போனார்கள். போனவர்களில் பலர் திரும்பவில்லை. 1948இல் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க அவசரகாலம் வந்தது. தோட்டங்களைச் சுற்றி முள்வேலி, ஊரடங்கு, அரிசிக்குக் கட்டுப்பாடு. நான்கு பேர் கூடி நின்றாலே கேள்வி எழுந்த நாட்கள் அவை.

அந்த நெருக்கடிக்கு நடுவில்தான் தமிழ் நேசன் ஓர் அரிய காரியம் செய்தது. 1950–51இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதன் பக்கங்களில் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். வெளியே கூட முடியாதவர்களுக்கு நாளிதழே பள்ளிக்கூடமாயிற்று. சிறுகதை எழுதுவது எப்படி என்ற பாடத்தைப் படித்து, கதையை எழுதி அஞ்சலில் அனுப்ப வேண்டும். ஆசிரியர்கள் திருத்தித் தரம் பிரிப்பார்கள். செலவு ஓர் அஞ்சல்தலை. மலேசியத் தமிழ்ச் சிறுகதை எழுத்தாளர்கள் பலர் இந்த வகுப்பிலிருந்து வந்தார்கள். பின்னர் தமிழகத்திலிருந்து தமிழ் நேசனுக்கு வந்து 1950களில் பணிபுரிந்த கு. அழகிரிசாமி, கோலாலம்பூரில் இலக்கிய வட்டம் கூட்டி, எழுத்தாளர்களை எதிரெதிரே உட்காரவைத்து அவர்களுடைய கதைகளைப் பேசவைத்தார். அச்சிலிருந்த பெயர்களுக்கு முகம் கிடைத்தது.

தோட்டத்துக்கே அந்தக் கூடல் வந்தது தமிழர் திருநாளோடு. 1952இல், பொங்கலை ஒட்டி, சமய வேறுபாடும் சாதி வேறுபாடும் பாராமல் தமிழர் எல்லாரும் கொண்டாடும் நாளாக அதைச் சாரங்கபாணி முன்னின்று தொடங்கினார். சிங்கப்பூரிலும் மலாயாவின் பட்டணங்களிலும் தோட்டங்களிலும் அது பரவியது. பேச்சுப்போட்டி, கட்டுரைப்போட்டி, கவிதை, பாட்டு, விளையாட்டு, நாடகம் எல்லாம் நடந்தன. 1950களில் தமிழ் முரசின் மாணவர் பக்கத்தைச் சுற்றி மாணவர் மணிமன்றம் உருவாக, அதன் வழியில் இளைஞர் மணிமன்றங்கள் ஊர்தோறும் எழுந்தன. பிறகு அவை மலேசியத் தமிழ் இளைஞர் மணிமன்றப் பேரவையாக நாடளாவிய அமைப்பாயின. முதலில் பக்கம், அதைப் படித்தவர்களின் மன்றம், அந்த மன்றத்தின் விழா. கெர்ன்ஸ்பேக்கின் வாசகர்கள் சென்ற அதே படிவரிசை.

மலாக்காவுக்கு இதில் ஒரு தனிச் சலுகை கிடைத்தது. 1953 செப்டம்பர் 3 அன்று, மலாயாவிலேயே முதன்முதலாக, மலாக்காவின் ஒரு பகுதியை பிரிட்டிஷ் உயர் ஆணையர் டெம்ப்ளரின் அரசு ‘வெள்ளைப் பகுதி’ என்று அறிவித்தது. அங்கே ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் நீங்கின. ஊரடங்கு நீடித்த இடங்களில் இரவுக்கூட்டம் எட்டாக்கனியாக இருந்தபோது, இங்கே விளக்கு ஏற்றி நாடகம் போட வழி பிறந்தது.

விழாவின் செலவுக் கணக்கைப் பார்த்தால் அதன் உயிர் எங்கே இருந்தது என்று புரியும். தோட்டங்கள் பள்ளி நடத்த வேண்டும் என்று தொழிலாளர் சட்டம் வந்திருந்ததால் பள்ளிக் கட்டடம் ஏற்கெனவே இருந்தது; அதுவே மண்டபம். தமிழாசிரியர் பயிற்சியாளராகவும் அறிவிப்பாளராகவும் நின்றார். பரிசு ஒரு புத்தகம் அல்லது பேனா. உள்ளூர் இளைஞர்களே நடிகர்கள். உடையும் அரிதாரமும் லயத்து வீடுகளிலிருந்தே வந்தன. பார்வையாளர் வேறு, நடத்துபவர் வேறு என்ற பிரிவு கிட்டத்தட்ட இல்லை. காலையில் பால் வெட்டிய பெண் மாலையில் மேடையில் பாடுவார்; அவருடைய மகன் கட்டுரைப்போட்டியில் எழுதுவான். தமிழ்ப்பள்ளிகளில் இன்றும் நடக்கும் மாறுவேடப் போட்டியில் பிள்ளைகள் ஒளவையாராகவும் பாரதியாகவும் வள்ளுவராகவும் வருகிறார்கள். 1939இல் அக்கர்மன் அணிந்த உடைக்கும் இதற்கும் நோக்கம் ஒன்றுதான்: படித்தவரை உடலில் ஏற்றிப் பார்க்கும் ஆசை.

எளிமை என்பது சிறுமை அல்ல என்பதற்கு 1950களின் நடுவில் ஒரு சான்று கிடைத்தது. அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமையவிருந்தது. அதற்குத் தமிழ் நூலகம் வேண்டும் என்று சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற நிதியைத் தொடங்கினார். ஆளுக்கு ஒரு வெள்ளி என்பதே கோரிக்கை. கூலித் தொழிலாளர்களும் கொடுத்தார்கள். தங்கள் பிள்ளைகள் நுழைவார்களா என்றுகூடத் தெரியாத பல்கலைக்கழகத்தின் அலமாரியைத் தோட்டத்து வாசகர்கள் நிரப்பினார்கள்.

சித்திரக்கதை இந்த வாசகர் உலகுக்குள் நுழைந்தது தமிழகத்து இதழ்களின் வழியே. 1947இல் ‘அம்புலிமாமா’ வந்தது. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கியது. பிரிட்டிஷ் இதழான ‘வேலியன்ட்’டின் நாயகன் தமிழ் பேசினான். 1984 ஜூலையில் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் ஒரே மாதத்தில் பிறந்தன. லயனைத் தொடங்கிய எஸ். விஜயனுக்கு அப்போது வயது 17. கடல் கடந்து வந்த பிரதிகள் கடையில் தீர்ந்ததும் கைமாறத் தொடங்கின. அட்டை கிழிந்து, நடுப்பக்கம் போய், முடிவு தெரியாமலே படித்து முடித்த கதைகளை ஒருவருக்கொருவர் சொல்லி நிரப்பிக்கொள்வது அந்தத் தலைமுறையின் பழக்கம். சேகரிப்பவர்கள் ஒருவரையொருவர் தேடுவதற்கு அந்தக் குறைபட்ட பிரதிகளே காரணமாயின.

இதற்கிடையே தோட்டங்கள் உடைந்துகொண்டிருந்தன. 1963 டிசம்பரில் வந்த தொலைக்காட்சி மாலைப்பொழுதை மெல்ல எடுத்துக்கொண்டது. ரப்பர் சாய்ந்து செம்பனை எழுந்தது. செம்பனைக்கு ஆட்கள் குறைவாகப் போதும். பத்து பெரண்டாமில் தொழிற்பேட்டை வந்தது. இளைஞர்கள் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினார்கள். நிலம் வீடமைப்புக்கு விற்கப்பட்டபோது லயமும் திடலும் கோயிலும் மன்றமும் சேர்ந்தே இடம்பெயர்ந்தன. பல இடங்களில் மன்றம் இடம்பெயரவே இல்லை, கலைந்தது. தாமான் என்ற புதிய குடியிருப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எந்த நாளிதழ் படிக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. கதை வகுப்பு நடத்திய தமிழ் நேசன் 2019 தொடக்கத்தில் நின்றுபோனது.

இதே பத்தாண்டுகளில் மேற்கத்திய வாசகர் கூட்டங்கள் எதிர்த்திசையில் போயின. 1970 ஆகஸ்டில் சான் டியாகோவில் முந்நூறு பேரோடு தொடங்கிய சித்திரக்கதை மாநாட்டுக்கு இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வருகிறார்கள். அதன் பெரிய அரங்குகளை ஹாலிவுட் நிறுவனங்கள் பிடித்துக்கொண்டன. கோலாலம்பூரில் 2002இல் ஆர்வலர்களின் முயற்சியில் எழுந்த காமிக் ஃபியஸ்டாவும் பெரும் மாநாட்டு மையத்துக்கு நகர்ந்தது. சென்னை தன் முதல் காமிக் கானை 2024 பிப்ரவரியில், வர்த்தக மையத்தில் பார்த்தது. இவற்றில் மகிழ்ச்சி உண்டு. ஓவியர்களுக்கு வருமானமும் உண்டு. ஆனால் நுழைவுச்சீட்டு, நட்சத்திரக் கையெழுத்துக்குத் தனிக்கட்டணம், பொம்மைக்கு ஒரு மாதச் சேமிப்பு என்று ஏறும்போது, கூட்டத்தில் ஒருவர் வாங்குபவராக மட்டுமே நிற்கிறார்.

பழைய வகைக் கூட்டத்தின் ஈர்ப்பு எதில் இருக்கிறது என்பதை ஈரோட்டில் காணலாம். 2005இல் மக்கள் சிந்தனைப் பேரவை தொடங்கிய ஈரோடு புத்தகத் திருவிழா வழக்கமாக ஆகஸ்டில் நடக்கிறது. அதையொட்டி லயன்–முத்து காமிக்ஸ் வாசகர்கள் பல ஊர்களிலிருந்தும் வந்து சந்திக்கிறார்கள். ஆசிரியர் விஜயனே நேரில் அமர்ந்து, அடுத்த ஆண்டு எந்தக் கதை வரவேண்டும், எந்த மொழிபெயர்ப்பு பிசகியது என்று வாசகர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிறார். வேலை பார்ப்பவர்களும் வாசகர்களே. நரைத்த தலையோடு வருபவர், தாம் சிறுவயதில் இழந்த பிரதியைப் பற்றி முன்பின் அறியாத ஒருவரிடம் அரைமணி நேரம் பேசுகிறார். 1937இன் லீட்ஸ் அரங்கிலும் 1950களின் தோட்டத்துப் பள்ளியிலும் கிடைத்தது இதுவே: எழுதியவரோடு சமமாக உட்காரும் இடம், ரசனையால் வந்த உறவு, வீட்டுச் செலவைப் பதம் பார்க்காத ஒரு நாள்.

மலாக்காவில் அதற்கான சட்டகம் இன்னும் நிற்கிறது. மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன. புக்கிட் லிந்தாங், மெர்லிமாவ், டுரியான் துங்கல், பூலாவ் செபாங் ஆகிய பெயர்களெல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. 1986 முதல் மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையின் சிறுகதைப் போட்டி புதிய எழுத்தாளர்களைத் தந்துகொண்டிருக்கிறது. ஒரு சனிக்கிழமை பள்ளி மண்டபத்தைத் திறந்துவைத்து, பழைய இதழ்களை மேசையில் பரப்பி, எழுதுபவரையும் வரைபவரையும் அழைத்தால் விழா தயார்.

அதற்கு முன் செய்யவேண்டிய அவசர வேலை ஒன்று இருக்கிறது. மணிமன்ற மேடைகளில் பேசிய பிள்ளைகளுக்கு இன்று எழுபது, எண்பது வயது. அவர்களிடம் இருக்கும் விழா மலர்கள், பரிசுச் சான்றிதழ்கள், குழுப் படங்கள் வீடு மாறும்போதெல்லாம் குறைந்துகொண்டே வருகின்றன. சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் இணையத் தொகுப்பில் தமிழ் முரசின் பழைய பக்கங்கள் இலவசமாகத் திறந்திருக்கின்றன. ஆசஹான், ஜாசின், தெபோங், அலோர் காஜா என்று ஊர், தோட்டப் பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடி, விழாச் செய்திகளைப் பிரதியெடுத்து, அந்தந்தத் தோட்டத்துப் பெரியவர்களிடம் கொண்டுபோய்ப் பெயர்களை உறுதிசெய்ய முடியும். மாநிலத்தின் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் ஒரு விடுமுறைக்குள் தொடங்கிவிடக்கூடிய பணி இது.