கைகளைக் கேட்ட ஆய்வு: தோல் நோய் ஆராய்ச்சியில் நோயாளியின் சொல் இடம்பெற்ற வரலாறு

முன்னுரை

தோல் நோயின் கடுமையை இரண்டு வழிகளில் அளக்கலாம். படை உடம்பில் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது, செதில் எந்த அளவு தடித்திருக்கிறது என்று மருத்துவர் கண்ணால் பார்த்துக் குறிப்பது ஒன்று. காளாஞ்சகப்படைக்கு 1978-இல் வகுக்கப்பட்ட ‘பாசி’ குறியீடு இவ்வகையைச் சேர்ந்தது. அந்தப் படையோடு எப்படி வேலைக்குப் போகிறார், கல்யாண வீட்டில் பந்திக்கு உட்காராமல் ஏன் திரும்பி வருகிறார் என்று நோயாளியிடமே கேட்டு எழுதுவது மற்றொன்று. இந்த இரண்டாவது வழி ஆய்வு முறையாக நிலைபெற்றதில் தமிழ்நாட்டின் பங்கு என்ன, விருதுநகர் மாவட்டத்து மம்சாபுரம் போன்ற ஊரில் அது இனி என்ன செய்ய வேண்டும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வேலூரும் கரிகிரியும்

பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். லண்டனில் அறுவை மருத்துவம் பயின்று 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தபோது அவருக்கு வயது 32. மறு ஆண்டு செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே மருத்துவர் ராபர்ட் காக்ரேனுடன் நடந்துகொண்டிருந்தவர், விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் கையை நீட்டினார். அந்தப் பிடி வலிக்கும் அளவுக்கு இறுக்கமாக இருந்தது. கை முழுவதும் செயலிழக்கவில்லை, சில தசைகள் நன்றாகவே உள்ளன என்பது அந்தப் பிடியில் தெரிந்தது. நல்ல தசையின் நாணை இடம் மாற்றிக் கட்டி, மடங்கிய விரலை நிமிர்த்தும் அறுவை மருத்துவம் அதிலிருந்து வளர்ந்தது.

தொழுநோயில் சதை தானாக அழுகி விரல் உதிர்கிறது என்பதே அன்றைய நம்பிக்கை. பிராண்ட் நோயாளிகளின் அன்றாடத்தைக் கவனித்தார். அவரால் திருப்ப முடியாத துருப்பிடித்த பூட்டை ஒரு சிறுவன் திறந்துகொடுத்தான். அவன் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்தது, அவனோ அதை உணரவில்லை. இரவில் விரல்கள் குறைவதற்குக் காரணம் தேடிக் கண்விழித்துக் காவலிருந்தபோது, மரத்துப்போன விரலை எலி கடிப்பது தெரியவந்தது. அதன்பின் நோயாளிகளுக்குப் பூனைகள் கொடுக்கப்பட்டன. விரலை அழிப்பது வலியின்மை என்ற முடிவுக்கு அவரைக் கொண்டுவந்தவை இத்தகைய கவனிப்புகள்தாம்.

அடுத்த பாடத்தையும் நோயாளிகளே கற்பித்தார்கள். கை நிமிர்ந்து ஊர் திரும்பியவர்களில் சிலர் குறையோடு வந்தார்கள். கை சரியானதால் பிச்சை விழவில்லை. நோயின் பெயரால் வேலையும் கிடைக்கவில்லை. அவர்கள் தொழில் கற்க வேலூரில் நவஜீவ நிலையம் எழுந்தது. 1955-இல் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் செயல்படத் தொடங்கியது. அறுவையின் வெற்றியை விரல் நிமிர்ந்த கோணத்தால் மட்டும் அளக்கக் கூடாது என்ற தெளிவு, கேள்வித்தாள்கள் வருவதற்கு முன்பே இங்கு உருவாகிவிட்டது.

கேள்வித்தாளின் வருகை

உலக சுகாதார நிறுவனம் 1981-இல் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தபின் தொழுநோய் குணமாகும் நோயானது. விலக்கிவைத்தல் அத்தனை விரைவில் குணமாகவில்லை. 1898-ஆம் ஆண்டுத் தொழுநோயாளர் சட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாக ஏற்ற சட்டப்பிரிவுகள் 2019-இல்தான் அகன்றன. கிருமி போனபின் எஞ்சி நிற்கும் துயரத்தை அளக்க வேறு கருவி தேவைப்பட்டது. நோயாளி தன் நோயைத் தானே விளக்கும் நேர்காணல் முறையை மிட்செல் வைஸ் பம்பாய் ஆய்வுகளிலிருந்து 1992-இல் வெளியிட்டார். இந்தியா, நேபாளம், பிரேசில் ஆகிய நாடுகளில் உருவான பங்கேற்பு அளவுகோல் 2006-இல் வந்தது.

பிற தோல் நோய்களில் திருப்பம் தந்தது 1994-இல் பிரிட்டனின் கார்டிஃபில் ஆண்ட்ரு ஃபின்லேயும் கான் என்ற ஆய்வாளரும் அமைத்த வாழ்க்கைத் தரக் குறியீடு. 120 நோயாளிகள் சொன்னவற்றிலிருந்து பத்துக் கேள்விகள் எடுக்கப்பட்டன. மொத்த மதிப்பெண் 30. சண்டிகரில் வெண்புள்ளி உள்ளவர்களிடம் இதைப் பயன்படுத்தி 2003-இல் வெளியான ஆய்வு, வாழ்க்கை அதிகம் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சிகிச்சையின் பலனும் குறைவாக இருந்ததைக் காட்டியது.

மம்சாபுரத்தில் அந்தக் கேள்விகள்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து மம்சாபுரத்திலிருந்து ராஜபாளையத்து நூற்பாலைக்கு வேலைக்குப் போகும் தோல் நோயுள்ள நாற்பது வயதுப் பெண் ஒருவரிடம் இந்தக் கார்டிஃப் கேள்வித்தாளைக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். ‘விளையாட்டில் ஈடுபடத் தடையாக இருந்ததா?’ என்ற கேள்விக்கு அவர் ‘எனக்குப் பொருந்தாது’ என்பார். அதற்கு மதிப்பெண் பூஜ்யம். ‘தோட்டத்தைப் பார்த்துக்கொள்வதில் இடைஞ்சலா?’ என்ற கேள்வி, வீட்டு முன் பூச்செடி வைத்திருப்பவரை நினைத்து எழுதப்பட்டது. இந்த ஊரில் தோட்டம் என்றால் கிணற்றுப் பாசன நிலம், அன்றாடக் கூலி. தாம்பத்தியம் பற்றிய ஒன்பதாம் கேள்விக்குப் புறநோயாளிப் பிரிவு வரிசையில், மாமியாரை அருகில் வைத்துக்கொண்டு யார் உண்மை சொல்வார்? நோய் கடுமையாக இருந்தும் தாளில் எண் குறைந்து நிற்கும். ‘பொருந்தாது’ என்ற விடையால் மதிப்பெண் குறைவதை உலக ஆய்வாளர்களும் குறையாக எடுத்துக்காட்டித் திருத்தம் முன்வைத்திருக்கிறார்கள்.

இந்த வட்டாரத்துக்கென்று கேட்க வேண்டியவை பல. சத்திரப்பட்டித் தறிகளில் நாடெங்கும் போகும் காயக்கட்டுத் துணி நெய்யப்படுகிறது. அதை நெய்பவரின் கைத்தோல் எப்படி இருக்கிறது? சிமெண்டில் உள்ள குரோமியத்தால் ஒவ்வாமை வந்த கொத்தனார் எத்தனை நாள் கூலியை இழக்கிறார்? தேமலை வெண்புள்ளி என்று ஊர் பேசியதால் தள்ளிப்போன திருமணங்கள் எத்தனை?

முடிவுரை

விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்டது. மம்சாபுரத்து நோயாளிக்கும் இளம் ஆய்வாளருக்கும் இடையிலான தொலைவு அன்று குறைந்தது. தமிழ்நாட்டில் தோல் மருத்துவ மேற்படிப்பு மாணவர் ஒவ்வொருவரும் ஆய்வேடு எழுதியாக வேண்டும். அது பட்டத்துக்கான கடமையாக முடிந்துவிட வேண்டியதில்லை. வெளியூரில் எழுதிய கேள்விகளை மொழிபெயர்ப்பதற்கு முன், சொறி, படை, தேமல், ஊறல் என்று மக்கள் சொல்லும் சொற்களைக் கேட்டு எழுதுங்கள். தனியறையில் உட்கார வைத்துக் கேளுங்கள். விடையை அவர்களிடமே வாசித்துக் காட்டுங்கள். பிராண்ட் முதலில் செய்தது கை நீட்டியதுதான். கார்டிஃபின் பத்துக் கேள்விகள் 120 பேர் பேசியதில் பிறந்தவை. மம்சாபுரத்திலும் முதல் 120 பேரைப் பேச விடுவோம்.