யாருடைய கையெழுத்து?

போன மாதம் என் மாணவி ஒருத்தி கையில் ஒரு படிவத்தோடு வந்து நின்றாள். பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்துக் கிராமம். மீனவக் குடும்பம். பிச்சாவரம் அலையாத்திக் காட்டின் நண்டுகளைப் பற்றி ஆய்வு செய்கிறாள். போர்ச்சுகலில் நடக்கும் ஒரு மாநாட்டில் கட்டுரை வாசிக்க அழைப்பு வந்திருக்கிறது. செலவில் ஒரு பகுதியைக் கல்வி நிறுவனம் தருகிறது.

"மேடம், இதுல யார்கிட்ட கையெழுத்து வாங்கணும்? அப்பாகிட்டயா, வீட்டுக்காரர்கிட்டயா?"

படிவத்தை வாங்கிப் பார்த்தேன். நெறியாளர், துறைத்தலைவர், நிதி அலுவலர் ஆகிய மூவருக்கு மட்டுமே அதில் இடம் இருந்தது. அப்பாவுக்கும் கணவருக்கும் எந்தக் கட்டமும் இல்லை. ஆனாலும் அவள் கேட்டாள்.

அந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. 1998-இல் கோலாலம்பூரில் நடந்த ஒரு கருத்தரங்குக்கு எனக்கு அழைப்பு வந்தது. நான் அப்போது இருந்த நிறுவனத்தின் அலுவலகத்தில், கணவருக்கு ஆட்சேபனை இல்லை என்று முத்திரைத்தாளில் எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். "உங்க பாதுகாப்புக்குத்தாம்மா" என்றார் எழுத்தர். அவர் கெட்ட மனிதர் இல்லை. வீட்டில் யாரும் மறுக்கவில்லை. "யோசிக்கலாம்" என்றார்கள். யோசித்து முடித்து, தாள் வாங்கி, கையெழுத்தாகி வந்தபோது பெயர் கொடுக்கும் தேதி போய்விட்டது. அப்படி ஒரு விதி உண்டா என்று அன்று நான் கேட்கவில்லை. பல ஆண்டுகள் கழித்துப் பழைய சுற்றறிக்கைகளைப் புரட்டிப் பார்த்தேன். இல்லை.

எழுதப்படாத ஒரு விதிக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வருகிறது? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தொல்காப்பியத்திலிருந்தே தொடங்கலாம். தலைவன் பிரிந்து செல்லும் காரணங்களில் ஒன்றாக ஓதலை அது சொல்கிறது. கல்விக்காகப் பிரிந்திருப்பது மூன்றாண்டைத் தாண்டக் கூடாது என்று கற்பியல் வரையறுக்கிறது. இன்றைய படிப்பு விடுப்பு விதியைப் படிப்பது போலவே இருக்கும். அகத்திணையியலிலோ, கடல் கடந்து போகும் வழக்கம் பெண்ணோடு இல்லை என்று பொருள் கொள்ளப்படும் ஒரு நூற்பா இருக்கிறது. உரையாசிரியர்கள் அதன் பொருளில் வேறுபடுகிறார்கள். ஆனால் படிக்கப் போகிறவன் ஆண், வாசலில் காத்திருப்பவள் பெண் என்ற ஏற்பாட்டில் அவர்களுக்குள் வேறுபாடு இல்லை.

வழக்கம் அப்படி இருந்தாலும் பெண்கள் கடல் கடந்தார்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன ட்ரூரோ என்ற கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குப் போன முதல் ஒப்பந்தக் கூலிகள் அதில் இருந்தார்கள். தொடர்ந்து 1911 வரை போன கப்பல்களில், கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த தென்னார்க்காடு மாவட்டத்துக்காரர்கள் ஏராளம். அவர்களில் பெண்களும் உண்டு. 100 ஆண்களுக்கு 40 பெண்கள் போக வேண்டும் என்று காலனி அரசே விகிதம் வைத்திருந்தது. கப்பல் பதிவேட்டில் பெண்ணின் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடலில் உள்ள தழும்பு எல்லாம் எழுதப்பட்டன. உழைப்புக்குத் தேவைப்பட்டபோது கடல் பெண்ணுக்கு ஆபத்தானதாக யாருக்கும் தோன்றவில்லை. படிக்கப் போகிறேன் என்று அவள் கேட்டபோதுதான் பாதுகாப்பு நினைவுக்கு வந்தது.

கிருபாபாய் சத்தியநாதனுக்கு இங்கிலாந்தில் மருத்துவம் படிக்க உதவித்தொகை கிடைக்க இருந்தது. அவர் உடல்நிலை பயணத்துக்கு ஏற்றதல்ல என்று சொல்லித் தடுக்கப்பட்டது. 1878-இல் அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். ஓராண்டில் உடல்நலம் கெட்டு நிறுத்த வேண்டியதாயிற்று. 1894-இல், 32 வயதில், இறந்துபோனார். மருத்துவர்களின் கவலை பொய்யல்ல. ஆனால் உள்ளூர்ப் படிப்பும் அவர் உடலை விட்டுவைக்கவில்லை. எந்த ஆபத்தை ஏற்கலாம் என்ற முடிவை அவர் கையில் கொடுத்திருக்கலாமே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பத்தாண்டுக்குப் பின் புனேயின் டெக்கான் கல்லூரியில் கார்னீலியா சொராப்ஜி பட்டத் தேர்வில் முதலிடம் பெற்றார். அந்த இடத்தைப் பெறுபவருக்கு இங்கிலாந்தில் படிக்க அரசு உதவித்தொகை உண்டு. பெண் என்பதால் அவருக்கு மறுக்கப்பட்டது. இங்கிலாந்தில் சிலர் பணம் திரட்டித் தந்ததால் 1889-இல் அவர் ஆக்ஸ்ஃபோர்டு போய்ச் சேர்ந்தார். இங்கே யாரும் பாதுகாப்பைப் பற்றிப் பேசக்கூட இல்லை. விதியை எழுதியவர்களின் மனத்தில் பெண் ஒரு பயணியாக இல்லை, அவ்வளவுதான்.

பெண்ணை நினைத்து விதி எழுதினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1917-இல் ஆசியப் பெண்களுக்கென்றே பார்பர் உதவித்தொகை தொடங்கப்பட்டது. சென்னைப் பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தாவரவியலாளர் ஜானகி அம்மாள் 1924-இல் அதைப் பெற்றுக் கப்பலேறினார். அமெரிக்கக் கரையில் குடியேற்ற அதிகாரிகள் அவரை எல்லிஸ் தீவில் நிறுத்திவைத்தார்கள் என்றும், பட்டுச்சேலையைப் பார்த்து இந்திய இளவரசி என்று நினைத்துக்கொண்டார்கள் என்றும் அவர் குடும்பத்தார் எழுதியிருக்கிறார்கள். மிச்சிகனில் அவர் தங்கப் பெண்களுக்கான மார்த்தா குக் விடுதி இருந்தது. பணமும், தங்குமிடமும், பொறுப்பேற்க ஒரு நிறுவனமும் இருந்தன. 1931-இல் முனைவர் பட்டத்தோடு திரும்பினார். 1925-இல் அரசு உதவித்தொகையில் இங்கிலாந்து போன முத்துலட்சுமி ரெட்டி, மறு ஆண்டு பாரிஸில் உலகப் பெண்கள் மாநாட்டில் பேசினார். நாடு திரும்பிச் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் நுழைந்து, 1927-இல் அதன் துணைத் தலைவரானார். ஒரு பெண்ணின் பயணச் செலவு நாட்டுக்கு எப்படித் திரும்பி வரும் என்பதற்கு இதைவிட நல்ல கணக்கு வேண்டாம்.

பயணத்தில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. ஜானகி அம்மாளின் இரண்டாவது பெரும் பயணம் அதற்குச் சாட்சி. 1939 ஆகஸ்டு 23-இல் எடின்பரோவில் உலக மரபியல் மாநாடு தொடங்கியது. கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஜானகி அதற்குப் போனார். மாநாடு நடக்கும்போதே ஒவ்வொரு நாட்டுப் பேராளர்களும் ஊர் திரும்பத் தொடங்கினார்கள். செப்டம்பர் 3 அன்று பிரிட்டன் போரில் இறங்கியது. அன்றே அத்தீனியா என்ற பயணிகள் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. மாநாட்டிலிருந்து திரும்பிய சிலரும் அதில் இருந்தார்கள். ஒரு வாரத்துக்கென்று போன ஜானகி இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். குண்டு விழும் இரவுகளில் கட்டிலுக்கடியில் ஒதுங்கி, காலையில் கண்ணாடித் துண்டுகளைத் தட்டிவிட்டு ஆய்வைத் தொடர்ந்ததாகக் குடும்பத்தில் சொல்வார்கள். 1945-இல் டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பு நூலை வெளியிட்டார். இந்தியா திரும்பியது 1951-இல். போர் யாருக்கும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. எந்தத் தகப்பனின் சம்மதக் கடிதமும் அதைத் தடுத்திருக்காது. அந்த நேரத்தில் அவருக்குத் தேவைப்பட்டது ஒரு வேலை, ஓர் ஆய்வுக்கூடம், அவரை அறிந்த சில சக விஞ்ஞானிகள். அவை இருந்ததால் பிழைத்தார்.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த அன்னா மணி, 1945-இல் அரசு உதவித்தொகையில் ராணுவத் துருப்புகளை ஏற்றிச் செல்லும் கப்பலில் இங்கிலாந்து போய், வானிலைக் கருவிகளைக் கற்றுவந்தார். கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த லலிதா, 18 வயதில் கைக்குழந்தையோடு விதவையானவர், 1964-இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலகப் பெண் பொறியாளர், அறிவியலாளர் மாநாட்டுக்குப் போனார். இந்தியாவிலிருந்து அனுப்பிவைக்க அமைப்பு எதுவும் இல்லாததால் தனிநபராகவே கலந்துகொண்டார். தனிநபராகப் போவதற்கும் நிறுவனத்தின் ஆளாகப் போவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பின்னால் பார்ப்போம்.

இதற்கிடையில் சட்டம் மெல்ல நகர்ந்தது. வெளிநாடு செல்வது தனிமனிதச் சுதந்திரத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1967 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு பாஸ்போர்ட் சட்டம் வந்தது. 1977-இல் காரணம் சொல்லாமல் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டதை எதிர்த்து மேனகா காந்தி தொடுத்த வழக்கில், 1978 ஜனவரியில் வந்த தீர்ப்பு அந்த உரிமையை உறுதிப்படுத்தியது. 2016 டிசம்பரில் திருமணச் சான்றிதழ் தேவையில்லை, தாய் தந்தை இருவரில் ஒருவர் பெயர் போதும், மணவிலக்குப் பெற்றவர் கணவர் பெயரை எழுத வேண்டியதில்லை என்று விதிகள் தளர்ந்தன. அப்படியும் 2025 ஜூனில் ஒரு பெண் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. கணவர் கையெழுத்து இல்லாமல் பாஸ்போர்ட் விண்ணப்பத்தை நகர்த்த மறுத்தார்கள். மனைவி பாஸ்போர்ட் வாங்கக் கணவரின் அனுமதி வேண்டியதில்லை என்று நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. விதி போன பின்னும் பழக்கம் மேசையில் உட்கார்ந்திருக்கிறது.

படிக்காத பெண்களின் நிலை இன்னும் மோசம். பத்தாம் வகுப்பைத் தாண்டாதவரின் பாஸ்போர்ட்டில் குடியேற்றச் சோதனை முத்திரை விழும். அந்த முத்திரை உள்ள பெண் 30 வயதுக்கு முன் வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போக முடியாது. பாதுகாப்பதற்காக வைத்த விதி இது. வறுமை 30 வயதுவரை காத்திருக்காது என்பதால், சுற்றுலா விசாவில் தரகர் மூலம் போய் எந்தப் பதிவிலும் இல்லாமல் ஆகிவிடுகிறவர்கள் உண்டு. தடை அவர்களைப் பாதுகாக்கவில்லை. கண்ணில் படாதவர்களாக்குகிறது.

கல்வி நிறுவனங்களைப் பொறுத்தவரை, 2015-ஆம் ஆண்டு என்ற பெயருள்ள பல்கலைக்கழக மானியக் குழுவின் பாலியல் துன்புறுத்தல் தடுப்பு ஒழுங்குமுறைகளை ஒவ்வொரு மாணவியும் படித்திருக்க வேண்டும். இரண்டு இடங்கள் முக்கியம். பெண்களின் பாதுகாப்பைக் காரணம் காட்டி விடுதியில் பாகுபாடான விதிகளை வைக்கக் கூடாது, அவர்களின் நடமாட்டத்தைக் குறுக்கக் கூடாது என்கிறது ஒன்று. வளாகம் என்றால் என்ன என்று வரையறுக்கிறது மற்றொன்று. மாணவியாகவோ ஊழியராகவோ நாம் போகிற கள ஆய்வு, கல்விச் சுற்றுலா, பயிற்சி, முகாம் எல்லாமே வளாகம்தான். அதில் உள்நாடு, வெளிநாடு என்ற பிரிப்பு இல்லை. அண்ணாமலை நகரிலிருந்து ஆய்வுக்குப் புறப்படும் மாணவி லிஸ்பனில் இறங்கினாலும் அவளுடைய வளாகம் அவளோடு போகிறது. அந்த மாணவியைத் தடுத்து நிறுத்துவது நிறுவனத்தின் பாதுகாப்புக் கடமை ஆகாது. அவளோடு போய்ச் சேருவதுதான் அந்தக் கடமை.

அன்று மாலை நானும் அவளும் உட்கார்ந்து, கையெழுத்துக்குப் பதிலாக என்னென்ன கேட்டு வாங்க வேண்டும் என்று எழுதினோம்.

முதலில், இந்தப் பயணம் 'ஓ.டி.' என்று எழுத்தில் ஆணை. விடுப்பில் போனால் அது அவளுடைய சொந்தப் பயணம் என்று நாளை சொல்லிவிடலாம். லலிதாவுக்கு வேறு வழியில்லை. இவளுக்கு உண்டு.

அடுத்து முன்பணம். "போய்வந்து பில்லைக் கொடுங்கள்" என்ற நடைமுறை பார்க்கச் சமமாகத் தெரியும். உண்மையில் அது நகை அடகு வைக்க முடிந்தவளை மட்டும் விமானத்தில் ஏற்றும்.

ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் இருக்க வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். கர்ப்பம் சார்ந்த செலவு பெரும்பாலான பயணக் காப்பீடுகளில் சேராது என்பதால் ஆவணத்தை முழுக்கப் படிக்க வேண்டும்.

பிறகு, கூட யார் வருகிறார், அறை யாருடையது. இதை எழுதும்போது அவள் கொஞ்சம் தயங்கினாள். துணைக்கு ஓர் ஆண் பேராசிரியரை அனுப்பிவிட்டால் பாதுகாப்பு முடிந்தது என்று நினைக்கிறார்கள். பட்டத்தையே கையில் வைத்திருப்பவரோடு தனியே அனுப்பப்படும் மாணவிக்கு ஆபத்து எங்கிருந்து வரலாம் என்று யாரும் கேட்பதில்லை. தனி அறை என்பது ஆணையிலேயே இருக்க வேண்டும். உள் புகார்க் குழுத் தலைவரின் எண் அவள் கைப்பேசியில் இருக்க வேண்டும். ஏதாவது நடந்தால் மூன்று மாதத்துக்குள் புகார் தரலாம், தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அந்த நாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தின் அவசர எண்ணும், வெளியுறவு அமைச்சகத்தின் மதத் இணையதளமும் குறித்துக்கொண்டோம்.

அரசு நிறுவன ஊழியர்களுக்கு இன்னும் ஒன்று உண்டு. அழைப்பவர்களே தங்குமிடமும் பயணச் செலவும் தந்தால், 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி உள்துறை அமைச்சகத்தின் முன் அனுமதி வேண்டும். அது அவளுக்கு இல்லை. எனக்கு ஒருநாள் தேவைப்படலாம் என்று ஓரத்தில் எழுதிவைத்தேன்.

தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். "அப்பாகிட்ட சொல்லாம எப்படி மேடம்?" என்றாள். "சொல்லு. தாராளமா சொல்லு. எந்த ஊரு, எந்த நாளு, எங்க தங்குற, எல்லாத்தையும் சொல்லு. அனுமதி கேக்காத" என்றேன்.

மறுநாள் காலை கைப்பேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். அவள் அப்பா வலை உலர்த்தும் மணலில் குந்தியிருந்தார். முன்னால் பள்ளிக்கூட அட்லஸ் விரிந்து கிடந்தது. அவர் விரல் போர்ச்சுகலின் மேல் இருந்தது. கீழே எழுதியிருந்தாள்: "அங்க என்ன மீன் கிடைக்கும்னு கேக்கறார்."