மலைமண்ணும் செந்நிறக்கீழ்க் கதிரும்

1903ஆம் ஆண்டில் இலங்கைக் கனிப்பொருளியல் அளவீட்டின் பணிப்பாளராகக் கடமையேற்றவர் ஆனந்த குமாரசுவாமி. பிற்காலத்திற் கலை வரலாற்றறிஞராகப் புகழெய்திய அவரைத் தமிழுலகம் நன்கறியும்; சுத்தியலுங் கையுமாக மலையேறிய குமாரசுவாமியை அறிந்தோர் சிலரே. 1906 வரை நீடித்த அப்பணியில் அவருக்குத் துணை நின்றவை நுணுக்குக்காட்டியும் இரசாயனப் பகுப்பும் மட்டுமே. வன்பாறையை அவை நன்கு விளக்கின. உக்கிப்போன பாறை விளக்கத்திற்குள் அகப்படவில்லை. களிமண்ணின் துகள் நுணுக்குக்காட்டிக்கும் எட்டாத சிறுமையுடையது.

அக்களிமண்ணைப் படிக்கும் வழி பிறிதோரிடத்தில் உருவாகிக்கொண்டிருந்தது. சிவப்புக்கு அப்பாலுள்ள காணாவொளியை வில்லியம் ஹேர்ஷல் 1800இல் வெப்பமானி கொண்டு கண்டறிந்தார். 1905இல் அமெரிக்கரான கோபிளென்ஸ், கனிப்பொருள்கள் அவ்வொளியை உறிஞ்சும் முறையை அளந்து வெளியிட்டார். பளிங்கினுள் நீர் நீராகவே உறைகின்றதா, ஐதரொட்சிலாகப் பிணைந்துள்ளதா என்பதை உறிஞ்சற் பட்டைகள் பிரித்துக் காட்டின.

இத்தாலியின் லாடெரெல்லோவில் 1904இல் நிலத்தடி ஆவியால் மின்விளக்குகள் ஒளிர்ந்தன. அத்தகைய புவிவெப்பத் தலங்களிற் கொதிநீர் பெல்சுபாரை அரித்துக் களியாக்கும். அமிலநீர் பாய்ந்தவிடத்தில் கயோலினைற்றும் அலுனைற்றும் விளையும். வெப்பம் மிகுந்த ஆழத்தில் இலைற்றும் குளோரைற்றும் விளையும். எனவே மாறிய கனிப்பொருளை இனங்கண்டால், பழைய நீரின் வெம்மையையும் தன்மையையும் உய்த்துணரலாம். லடாக்கின் பூகா பள்ளத்தாக்கு நமக்கு அண்மையிலுள்ள இத்தகைய தலம்.

இலங்கையில் உயிர்ப்புள்ள எரிமலை இல்லை. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் ஆழத்திற் சூடேறி வெடிப்புகளின் வழியே மேலெழும் நீரினாலானவை என்பர். மலைநாட்டிலோ பாறையைக் களியாக்கியது வெப்பமன்று, மழை. நுவரெலியா, ஹற்றன் பகுதிகளின் சாணோக்கைற்றும் கொண்டலைற்றும் வானிலையாலழிந்து கயோலினைற்றாகவும், மேலும் கழுவுண்டு கிப்சைற்றாகவும் மாறியுள்ளன. தேயிலை வேரோடுவது இம்மண்ணிலேதான்! காரணம் வேறாயினும் விளைபொருள் ஒன்றாதலின் கருவியும் ஒன்றே. கயோலினைற்று 2.2 மைக்கிரோமீற்றரளவில் இரட்டைப் பள்ளத்தையும், கிப்சைற்று 2.27 அளவில் தனிப்பள்ளத்தையும் நிறமாலையிற் காட்டும். 1.9 அளவிலுள்ள பள்ளம் ஆழமாயின் களியின் படைகளிடையே நீர் தங்கியுள்ளதென்பது பொருள். சரிவொன்றின் உறுதியை ஆராய்வோர்க்கு இக்கடைசிப் பள்ளம் சிறிய செய்தியன்று.

மலைநாட்டைத் தோட்டமாக்கியோர் மண்ணை விளைச்சல் கருதியே ஆய்ந்தனர். தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இல் நிறுவப்பட்டது. தொழிலாளரின் லயங்கள் எழுந்த சரிவுகளுக்கு அத்தகைய கவனம் நெடுங்காலம் வாய்க்கவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை, பதுளை மாவட்டம் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அது ஆபத்தான சரிவென முன்னரே எச்சரிக்கப்பட்ட இடம். எச்சரிக்கைக்குப் பின்னரும் மக்கள் அங்கேயே வாழ்ந்தனர். மாற்றுக் காணி அவர்களுக்கு இருக்கவில்லை.