கந்தலில் பிறந்த கலை

மன்னர் முடிசூடிய ஆண்டுகளையும் படைகள் மோதிய களங்களையும் வரிசைப்படுத்துவதே சரித்திரம் என்று நெடுங்காலமாகக் கருதப்பட்டு வந்தது. வீட்டு மூலையில் அமர்ந்து ஊசியும் நூலும் கொண்டு பெண்கள் செய்த வேலைக்கு அச்சரித்திரத்தில் இடமில்லை. பெண்ணின் வேலை வேலையாகவே எண்ணப்படாத சமூகத்தில் அது கலையென்று எண்ணப்படுவது எங்ஙனம்? ஆயினும், ஒரு கூட்டத்தார் பட்ட துன்பத்தையும் அதிலிருந்து எழுந்த விதத்தையும் கல்வெட்டினும் தெளிவாகக் கந்தல் துணி எடுத்துரைப்பதுண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில், அலபாமா மாகாணத்து ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூரில் தைக்கப்பட்ட ஒட்டுப் போர்வைகள் அத்தகையன. அவை தோட்டத்தில் பிறந்த கலை. ஆதலின் தோட்டத்தையே தாய்வீடாகக் கொண்டு வளர்ந்த தமிழர்களாகிய நாம் அவற்றின் வரலாற்றை அறிதல் பொருத்தமேயாகும்.

ஒட்டுப் போர்வையாவது யாது? துண்டுத் துணிகளை இணைத்து அமைத்த மேற்பரப்பு ஒன்று. அதன் கீழே பரப்பிய பஞ்சு. அடியில் ஒரு துணி. இம்மூன்றையும் ஊடுருவித் தைத்தால் போர்வையாகும். துண்டுகளை இணைக்கும் வேலையை ஜீஸ் பெண்ட் பெண்கள் தத்தம் வீட்டில் தனித்திருந்து செய்தனர். பஞ்சு வைத்துத் தைக்கும்போது அக்கம்பக்கத்தார் கூடிக்கொண்டனர். எந்த நிறத்தின் பக்கத்தில் எந்த நிறம் அமையவேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை ஒருத்தியுடையது, உழைப்பு பலருடையது. இவ்வேறுபாட்டை வாசகர்கள் நினைவிற்கொள்க. பின்னர் அக்கலை அடைந்த ஏற்றத்தாழ்வுகளை விளங்கிக்கொள்ள இது துணைசெய்யும்.

அலபாமா ஆறு மூன்று பக்கமும் வளைந்தோடும் அந்நிலத்தில், 1816-ஆம் ஆண்டில் ஜோசப் ஜீ என்பவர் பருத்தித் தோட்டம் அமைத்தார். 1845-இல் 29,000 அமெரிக்க வெள்ளிக் கடனுக்கு ஈடாக அத்தோட்டம் மார்க் பெட்வே என்னும் உறவினர் கைக்கு மாறியது. அவர் வட கரோலினாவினின்றும் ஏறத்தாழ நூறு அடிமைகளைக் கால்நடையாகவே அங்குக் கொண்டுவந்தார். தோட்டத்திற்கு முதல் முதலாளியின் பெயர். தொழிலாளருக்கு இரண்டாம் முதலாளியின் பெயர். இன்றும் அவ்வூரிற் பலர் பெட்வே என்றே அழைக்கப்படுகின்றனர். 1865-இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது, கடன் ஒழியவில்லை. விடுதலை பெற்றவர்கள் அதே மண்ணிற் குத்தகைக் குடிகளாயினர். விதைக்கும் உரத்துக்கும் உணவுக்கும் கடன். அறுவடையானதும் பருத்தியைக் கொடுத்துக் கடன் தீர்ப்பு. தீராத மிச்சம் மறு ஆண்டுக் கணக்கில்.

கணக்கேடுகளுடனே காலங்கழிக்கும் நமக்கு அம்மிச்சத்தின் கொடுமையை ஒருவர் எடுத்துச் சொல்லவேண்டுவதில்லை. பருத்தி விலை வீழ்ந்தது. கடன் கொடுத்துவந்த வியாபாரி ஒருவர் இறந்தார். 1932-இல் அவர் குடும்பத்தார் கடனுக்காக ஏறத்தாழ அறுபது வீடுகளில் ஜப்தி செய்தனர். கால்நடை, ஏர்க்கருவி, சேமித்த தானியம் யாவும் போயின. செஞ்சிலுவைச் சங்கத்தார் அனுப்பிய மாவே அக்குளிர்காலத்தில் பலர் உயிரைக் காத்தது. பின்னர் அரசாங்கம் அந்நிலத்தை வாங்கி, புதுவீடுகளும் பள்ளியும் கடையும் அமைத்து, நாளடைவில் குடிகள் தாமே நிலம் வாங்குவதற்குக் குறைந்த வட்டியில் கடன் அளித்தது. 1937-இல் அரசாங்கத்துக்காக ஆர்தர் ராத்ஸ்டைன் அவ்வூரிற் பிடித்த புகைப்படங்களில், போர்வை தைக்கும் பெண்களும் காணப்படுகின்றனர்.

அக்காலத்துப் போர்வைகள் அழகுக்காகத் தொடங்கப்பட்டவையல்ல, குளிருக்காகத் தொடங்கப்பட்டவை. பலகை வீடுகளின் இடுக்குகளிற் காற்றுப் புகாதபடி சுவரெங்கும் செய்தித்தாள் ஒட்டி வாழ்ந்தவர்கள் அவர்கள். கடைத்துணி வாங்கப் பணமேது? வயலில் உடுத்திக் கிழிந்த காற்சட்டை, மாவுச் சாக்கு, தீவனச் சாக்கு இவைகளே மூலப்பொருள். வெயிலில் வெளுத்த காற்சட்டையிலிருந்து பையைப் பிரித்தெடுத்தால், அவ்விடம் மட்டும் வெளுக்காமல் கருநீலமாக நிற்கும். அத்தழும்பை மறைக்காமல், அதனையே ஓர் உருவமாக வைத்துத் தைத்தனர். முழங்கால் தேய்ந்த பகுதியும் அவ்வாறே. நடுவில் ஒரு சிறு சதுரம் வைத்து, அதனைச் சுற்றிச் சுற்றி நீளத்துண்டுகளை அடுக்கும் முறைக்கு ‘வீட்டுக்கூரை’ என்று பெயர். முறை ஒன்றே; ஆனால் துண்டு குறைந்தவிடத்துக் கோடு வளைந்தது, நிறம் தீர்ந்தவிடத்து வேறு நிறம் புகுந்தது. குறையே புதுமைக்கு வழியாயிற்று. ஒருத்தியின் போர்வையைப் போல் மற்றொருத்தியின் போர்வை இராது. போர்வைகளைக் காற்றாட வெளியிற் கட்டும் நாளில், அவற்றைப் பார்த்துச் செல்வோர் இஃது இன்னாருடையது என்று சொல்லிவிடக் கூடியதாயிருந்தது.

குளிரைத் தவிர வேறொரு காரணத்திற்காகவும் போர்வை தைக்கப்பட்டதுண்டு. கணவர் மறைந்தபின், 1942-இல் மிசௌரி பெட்வே என்னும் மாது, அவருடைய வேலைத் துணிகளைக் கொண்டே ஒரு போர்வை தைத்தார். மகள் அர்லான்சியா உடனிருந்து உதவினார். கணவரை நினைந்து, அவர் அன்பையே போர்த்திக்கொள்ளும் எண்ணத்தோடு தாய் அதனைச் செய்தார் என்று மகள் பிற்காலத்திற் கூறினார். வியர்வையில் நைந்த அத்துணியை வேறொருவர் குப்பையென்று எறிந்திருப்பர்.

அடுத்த மாறுதல் உரிமைப் போராட்டத்தால் வந்தது. கறுப்பர்கள் வாக்காளராகப் பதிந்துகொள்ள எழுந்தனர். ஆற்றைக் கடந்து கேம்டன் நகருக்குச் செல்லும் ஓடத்துறை 1962-இல் நிறுத்தப்பட்டது. 2006-இல்தான் அது மீண்டும் நடைபெற்றது. 1965-இல் மார்ட்டின் லூதர் கிங் ஜீஸ் பெண்டுக்கு வந்து பேசினார். வாக்குக் கேட்டதற்காகப் பலர் வேலையும் குடியிருப்பும் இழந்தனர். இந்நிலையில், பிரான்சிஸ் வால்ட்டர் என்னும் பாதிரியார் கொடியில் தொங்கிய போர்வைகளைக் கண்டு, இவற்றை விற்றால் இம்மக்களுக்கு வருமானமாகுமே என்று எண்ணினார். அதன் பயனாக 1966-இல் ‘சுதந்திரப் போர்வைச் சங்கம்’ என்ற கூட்டுறவுச் சங்கம் அவ்வட்டாரத்திலே தோன்றியது. நியூயார்க்கில் ஏலம் நடந்தது. பெருங்கடைகள் வாங்க முன்வந்தன. வயல்வேலையன்றி வேறறியாத பெண்கள் தம் பெயரிற் கூலி பெற்றனர். சங்கம் நிலம் வாங்கி, வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் சிலவற்றிற்கு அதிற் பங்கு விற்றது.

ஆனால் இங்கேதான் கலைக்கு ஒரு சோதனை நேர்ந்தது. பெருங்கடைக்கு வேண்டுவது ஒன்றுபோல் நூறு. நிறத்தைக் கடைக்காரர் குறித்தனுப்பினர். அளவும் தையலின் நெருக்கமும் விதிக்கப்பட்டன. கோணிய கோடு, முன்னாளில் ஒருத்தியின் கைவண்ணம். இப்பொழுது திருப்பியனுப்பத்தக்க பிழை. முன்பு தீர்மானித்தவள் இப்பொழுது தைப்பவளானாள். இதற்காகச் சங்கத்தைப் பழிப்பது நேர்மையாகாது. பட்டினியில் பிறந்த அழகைப் புகழ்ந்து, பட்டினி நீங்கியதற்கு வருந்துவோர் வயிறு நிறைந்தவராகவே இருப்பர். கூலி வேண்டும், அதனால் குழந்தைக்குப் புத்தகமும் வீட்டுக்கு மருந்தும் வரும். எனினும், கூலியோடு உரிமையும் வேண்டும் என்பதே நமது கருத்து.

அவ்வுரிமை முற்றும் மறைந்துவிடவில்லை என்பதற்கும் சான்று உண்டு. 1972-இல் சியர்ஸ் என்னும் பெருங்கடைக்குக் கார்டுராய்த் துணியில் தலையணை உறைகள் தைக்கும் வேலை சங்கத்துக்குக் கிடைத்தது. உறைகள் யாவும் ஒரே அச்சு. ஆனால் வெட்டி மிஞ்சிய பொன்னிறம், பச்சை, செம்மஞ்சள், சிவப்புத் துண்டுகள் வீடுகளுக்குச் சென்றன. அத்தடித்த துணி நுணுக்கமான வேலைக்கு இடங்கொடாது. ஆகவே பெண்கள் பெரிய பெரிய துண்டுகளாக வைத்து, முன்னெப்போதும் இராத வண்ணப் போர்வைகளைத் தமக்கெனத் தைத்துக்கொண்டனர். பகலிற் பிறர் விதித்த உறை. ஓய்விற் தான் விரும்பிய போர்வை. கை அதே கைதான்.

2002-இல் ஹியூஸ்டன் நகரக் கலைக்கூடத்திலும், பின்னர் நியூயார்க்கின் விட்னி கலைக்கூடத்திலும் அப்போர்வைகள் ஓவியங்களைப்போல் சுவரில் ஏற்றப்பட்டன. கற்றோர் வியந்தனர். 2006-இல் அரசாங்கம் அவற்றை அஞ்சல் தலைகளில் அச்சிட்டது. புகழ் வந்த பின்பும் பங்கு எவருக்கு என்ற கேள்வி எழுந்தது. 2007-இல் போர்வை தைத்தவர்களுள் சிலர் நியாயமான ஊதியமும் உரிமையும் கோரி வழக்குத் தொடுத்தனர். மறு ஆண்டில் அது தீர்ந்தது. சங்கமோ 2012-இல் மூடப்பட்டது.

இவ்வரலாற்றினின்று நாம் தெளிவது யாது? கலையின் ஏற்றமும் தாழ்வும் செல்வத்தைப் பொறுத்தவையல்ல, வறுமையையும் பொறுத்தவையல்ல. செய்பவள் தானே தீர்மானிக்க இடமிருந்தபோது கந்தலும் கலையாயிற்று. இடமில்லாதபோது புதுத்துணியும் வெறும் சரக்காயிற்று. அப்பெண்கள் 2002-இல் திடீரென்று கலைஞராகிவிடவில்லை. சுவரில் செய்தித்தாள் ஒட்டியிருந்த நாளிலும் அவர்கள் கலைஞர்களே. காணுங் கண்தான் பிந்தி வந்தது.

நம் தோட்டங்களிலும் தாய்மார் பழஞ்சேலையை மடித்துத் தைத்துக் குழந்தைக்கு விரிப்பாக்கியதுண்டு. கரையை எங்கு வைப்பது, எந்தச் சேலையோடு எதனைச் சேர்ப்பது என்று அவர்களும் எண்ணியே செய்தனர். அதற்குப் பெயருமில்லை, பாராட்டுமில்லை. நைந்தவுடன் தரை துடைக்கச் சென்றது. பிறநாட்டார் வந்து வியக்கும் வரையில் காத்திராமல், நம் வீட்டுப் பெண்களின் கைவேலையை நாமே உற்று நோக்கவும், இதைச் செய்தவர் இன்னார் என்று பெயர் சொல்லி வழங்கவும், விற்பனைக்கு வருமாயின் உரிய விலை கொடுக்கவும் முற்படுவோமாக. பெண்ணின் கைக்கு ஊசியை மட்டும் கொடுத்து, தீர்மானத்தை நாம் வைத்துக்கொள்ளும் வழக்கம் ஒழியட்டும்.