கணக்கும் காரணமும்: பாடசாலை அறிக்கைகளின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

தம்மிடம் ஒப்புவிக்கப்பட்ட பொருளுக்குக் கணக்குக் கொடுத்தல் கடமை என்பது நம் மக்கள் நெடுங்காலமாக அறிந்த அறமாகும். கோயில் வண்ணக்கர் திருவிழா முடிந்தபின் ஊரைக் கூட்டி வரவு செலவு காட்டுவர். வட்டை விதானையார் வாய்க்கால் நீரைப் பங்கிட்ட முறைக்கு வேளாண்மைக்காரரிடம் விடை கூறுவார். பொன்னிலும் நெல்லிலும் சிறந்த பொருளாகிய பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து ஏற்றுக்கொள்ளும் பாடசாலை, கணக்குக் கொடுக்காதிருத்தல் எங்ஙனம் பொருந்தும்? ஆதலின், பாடசாலைகள் அறிக்கை அனுப்புதல் வேண்டும், மேம்பாட்டுத் திட்டம் வகுத்தல் வேண்டும் என இக்காலத்தில் விதிக்கப்படுவதை ஆசிரியர் எவரும் கொள்கையளவில் மறுத்தற்கில்லை. ஆயின், கணக்கு யாருக்குக் கொடுக்கப்படுகின்றது, எதனை அளந்து கொடுக்கப்படுகின்றது, கொடுத்தபின் அதனால் விளைவது யாது என்னும் வினாக்கள் மூன்றும் எஞ்சி நிற்கின்றன. இவற்றுக்கு விடை காண வரலாறு பெரிதும் துணைபுரியும்.

தமிழ் நாட்டுப் பாடசாலைகளைப் பற்றி அரசாங்கம் ஒன்று விரிவாக அறிக்கை கேட்ட முதல் நிகழ்ச்சிகளுள் ஒன்று 1822ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. சென்னை மாகாண ஆளுநராகிய சேர் தோமஸ் மன்றோ, ஒவ்வொரு மாவட்டக் கலெக்டரும் தம் எல்லையிலுள்ள பள்ளிகளின் தொகை, மாணவர் தொகை, அவர்தம் சாதி, கற்கும் நூல்கள், ஆசிரியர் பெறும் ஊதியம் ஆகியவற்றைத் தெரிவிக்குமாறு படிவமொன்று அனுப்பினார். விடைகள் வந்து சேரச் சில ஆண்டுகள் சென்றன. 1826ஆம் ஆண்டில் அவற்றைத் தொகுத்து மன்றோ எழுதிய குறிப்பின்படி, 1,28,50,941 மக்கள் வாழ்ந்த அம்மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. அவற்றிற் பயின்றோர் 1,88,650 பேர். அஃதாவது ஏறத்தாழ அறுபத்தெட்டுப் பேருக்கு ஒருவர். வீடுகளிற் கற்றோர் இத்தொகையில் அடங்காமையை மன்றோவே உணர்ந்து குறித்துள்ளார்.

கலெக்டர்கள் இக்கட்டளையை ஏற்ற விதம் இற்றைக்கும் நினைந்து பார்க்கத்தக்கது. கன்னட மாவட்டக் கலெக்டர் அப்படிவத்தை நிரப்புதல் காலத்தை வீணாக்கும் என எழுதி அமைந்தார். பலர் எண்களை மட்டும் நிரப்பி அனுப்பினர். பெல்லாரிக் கலெக்டராகிய கம்பெல் ஒருவரோ, தம் மாவட்டத்தில் 533 பள்ளிகளும் ஏழாயிரத்துக்குக் குறைந்த மாணவரும் உளரெனக் கணக்குக் காட்டியதோடு நில்லாது, கல்வி தேய்ந்தமைக்குக் காரணமும் எழுதினார். இங்கிலாந்துத் துணிகளின் வரவால் நாட்டுக் கைத்தொழில் நலிந்து குடும்பங்கள் வறுமையுற்றன என்றும், முன்னை அரசுகள் கல்விக்கு அளித்த ஆதரவு அற்றுப்போயிற்று என்றும் அவர் 1823ஆம் ஆண்டிலேயே துணிந்து கூறினார். கணக்கு எழுதியோர் பலர். காரணம் எழுதியவர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவரின் அறிக்கையே இன்றளவும் வரலாற்றாசிரியரால் விரும்பிப் படிக்கப்படுகின்றது.

அக்காலத் திண்ணைப் பள்ளிகளில் ஆசிரியர் எவருக்கும் எழுத்து மூலம் அறிக்கை அனுப்பியதில்லை. பெற்றோர் தரும் நெல்லும் காசுமே அவர்தம் ஊதியம். பிள்ளை ஓலையை வாசிக்கக் கேட்டும், நெற்கணக்குப் போடக் கண்டும் ஊரார் ஆசிரியரை மதிப்பிட்டனர். இம்முறையிலும் குறைகள் உண்டு. ஏழையும் ஒடுக்கப்பட்டோரும் பெண்களும் பெரும்பாலும் திண்ணைக்குப் புறம்பே நின்றனர். அவர்கள் ஏன் வரவில்லை என வினவுவாரும் இலர். அரசாங்கம் கணக்குக் கேட்கத் தொடங்கியதனாலேயே வராத பிள்ளையும் எண்ணப்பட்டது. இவ்வுண்மையை மறைத்துப் பழமையை மட்டும் புகழ்தல் முறையன்று.

இனி, கணக்கும் பணமும் ஒன்றாகப் பிணிக்கப்பட்ட காலத்தை நோக்குவாம். இங்கிலாந்தில் 1862ஆம் ஆண்டில் ரொபேட் லோ என்பார் திருத்திய விதித்தொகுதி ஒன்றை நடைமுறைப்படுத்தினார். அதன்படி, பாடசாலையின் சராசரி வரவுக்கு மாணவர் ஒருவருக்கு 4 சிலிங் வழங்கப்பட்டது. இருநூறு தடவைக்கு மேல் வருகை தந்த பிள்ளையைப் பரிசோதகர் நேரிற் சோதித்து, வாசிப்பு, எழுத்து, எண் ஆகிய மூன்றிலும் தேறினால் மேலும் 8 சிலிங் அளித்தார். ஒவ்வொன்றிலும் தவறுந்தோறும் 2 சிலிங் 8 பென்ஸ் குறைக்கப்பட்டது. பெறுபேற்றுக்கு ஏற்ற கொடுப்பனவு என இம்முறை பெயர் பெற்றது. கல்விச் செலவு குறையும், அன்றேல் கல்வி சிறக்கும் என லோ பாராளுமன்றத்துக்கு உறுதி கூறினார். செலவு குறைந்தது, எட்டு இலட்சம் பவுணைத் தாண்டியிருந்த கல்வி மானியம் 1865ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ ஆறரை இலட்சமாயிற்று. கல்வி சிறந்ததோ எனின், அதனை நேரிற் கண்ட பரிசோதகரும் புலவருமாகிய மத்தியூ ஆர்னல்ட் இல்லையென்றே தம் அறிக்கைகளிற் குறைகூறினார். வரலாறும் பூமிசாத்திரமும் பல பாடசாலைகளிற் கைவிடப்பட்டன. பரிசோதகர் வரும் நாளுக்காகப் பாடநூலைப் பிள்ளைகள் மனனஞ் செய்தனர். நோயுற்ற பிள்ளையையும் சோதனை நாளில் வரச் செய்தனர். பிள்ளை, சிலிங்காக எண்ணப்பட்டான்.

இம்முறை கடல் கடந்து இலங்கைக்கும் வந்தது. 1834ஆம் ஆண்டு முதல் இலங்கைக் கல்வியை மேற்பார்வை செய்த பாடசாலை ஆணைக்குழு ஒழுங்காகத் தொழிற்படவில்லை எனக் கண்டு, 1865ஆம் ஆண்டில் சட்டசபை ஒரு குழுவை நியமித்தது. மோர்கன் குழு எனப்படும் அது 1867ஆம் ஆண்டில் அறிக்கை சமர்ப்பித்தது. அதன் பயனாக 1869ஆம் ஆண்டில் பொதுப் போதனாப் பகுதி தோன்றிற்று. லோறி என்பார் அதன் முதல் அதிபதியாயினார். 1870ஆம் ஆண்டு தொடக்கம் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளுக்கு மாணவர் பெறுபேற்றை அளந்து பணம் வழங்கப்பட்டது. அரசாங்கம் உலகியற் பாடங்களின் பெறுபேற்றை மட்டுமே அளக்கும். சமய போதனையில் தலையிடாது என்பது இதன் அடிப்படை.

இவ்வடிப்படை ஈழத்துச் சைவ மக்களுக்கு விளைத்த பயனை நன்கு சிந்தித்தல் வேண்டும். வில்லியம் ஓல்ட் பாதிரியார் 1814ஆம் ஆண்டில் மட்டக்களப்பில் வந்திறங்கி, ஓராண்டு நிறையுமுன் 1815இல் மறைந்தார். அவர் வித்திட்ட மெதடிஸ்த மிசன் கல்விப்பணி அதன்பின் தளிர்த்தோங்கியது. பாடசாலை கட்டும் பணமும், பதிவேடு பேணும் பயிற்சியும், மனேஜராக இருந்து அரசாங்கத்தோடு ஆங்கிலத்திற் கடிதம் எழுதும் ஆற்றலும் மிசனரிமாரிடம் இருந்தன. அவர்கள் ஆற்றிய கல்வித்தொண்டை நன்றியோடு நினைக்கின்றோம். எனினும் கணக்கு எழுதத் தெரிந்தவனுக்கே மானியம் என்ற நிலையில், பிள்ளைகள் நிறைந்தும் பதிவேடு இல்லாத ஊர்த்திண்ணை பின்தங்கிற்று. 1890ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், முன்னமே ஒரு பாடசாலை நடைபெறும் இடத்துக்குக் கால் மைல் எல்லையுள் எழும் புதிய பாடசாலைக்கு நன்கொடை இல்லை என்னும் விதியும் வந்தது. முந்தி வந்தோர்க்கு அரணாகவும் பிந்தி எழுந்த சைவ, பௌத்த பாடசாலைகளுக்குத் தடையாகவும் அஃது அமைந்தது. விதி எழுத்தளவில் நடுநிலையானது, விளைவிலோ நடுநிலையற்றது. ஆறுமுக நாவலர் 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையில் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலை, நீண்ட காலம் அரசாங்க உதவியின்றி மக்கள் ஆதரவாலேயே நடைபெற்றதென்பதை ஈண்டு நினைவுகூர்தல் தகும்.

இங்கிலாந்தின் அவ்விதித்தொகுதி நமக்கு விட்டுச்சென்ற மற்றொரு பொருள், தலைமையாசிரியர் மேசையில் இருக்கும் சம்பவத் திரட்டுப் புத்தகம். தலைமையாசிரியர் நிகழ்ச்சிகளை மட்டும் எழுதவேண்டும். பொதுவான கருத்தோ சிந்தனையோ அதில் எழுதலாகாது என அவ்விதி கட்டளையிட்டது. கருத்துக் கூறும் உரிமை வந்து பார்ப்பவருக்கே உரியது. நாள்தோறும் பிள்ளைகளுடன் வாழ்பவருக்கு இல்லை. அறிக்கை முறையின் குறை அனைத்தும் இவ்வொரு விதியில் அடங்கியுள்ளது எனலாம்.

பெறுபேற்றுக் கொடுப்பனவு இங்கிலாந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும், இலங்கையில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் படிப்படியாக ஒழிந்தது. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும், 1939ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும், கன்னங்கரா அவர்களின் தலைமையில் வகுக்கப்பட்டு 1945ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும் நாட்டின் போக்கை மாற்றின. அதே காலத்தில் மட்டக்களப்பு மண்ணில் வேறொரு வகையான பொறுப்புணர்ச்சியும் வளர்ந்தது. காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள், 1925ஆம் ஆண்டில் ஈழத்துக்கு மீண்டு, இராமகிருஷ்ண சங்கப் பாடசாலைகளை நடத்தும் பொறுப்பை ஏற்றார். 1929ஆம் ஆண்டில் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் மதுரைத் தமிழ்ச்சங்கப் பண்டிதப் பட்டமும் பெற்ற அப்பெரியார், அரசாங்க விதிகளைப் புறக்கணித்தாரல்லர். பதிவேடும் பரீட்சையும் அவர்தம் பாடசாலைகளிலும் இருந்தன. ஆயின் அவை பாடசாலையின் நோக்கமாகாது கருவியாகவே நின்றன. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி நன்கொடைப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசாங்க உடைமையாயின. அதனால் மனேஜர் என்னும் இடையாள் நீங்கினார். பாடசாலை நேரே அரசாங்கத்துக்கு விடைகூறும் நிலை ஏற்பட்டது. ஊரார் தம்முடையதென எண்ணிய பாடசாலை அரசாங்கத்தினுடையதாயிற்று.

ஊரை மீண்டும் பாடசாலைக்குள் அழைக்கும் முயற்சியாகவே பின்னாளைச் சீர்திருத்தங்களைக் கொள்ளல் வேண்டும். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தால் கல்வி நிருவாகத்தின் பெரும்பகுதி மாகாணங்களுக்குச் சென்றது. 1993ஆம் ஆண்டில் பாடசாலை அபிவிருத்திச் சபைகள் பற்றிய சட்டம் இயற்றப்பட்டது. 2006ஆம் ஆண்டில் பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் தொடங்கிற்று. அதிபர், ஆசிரியர், பெற்றோர், பழைய மாணவர் ஒருங்கிருந்து ஐந்தாண்டுத் திட்டமும் வருடாந்த அமுலாக்கத் திட்டமும் வகுத்தல் வேண்டும் என்பது இதன் கருத்து. மாணவர் அடைவு, கற்றல் கற்பித்தல், பாடவிதான முகாமைத்துவம், இணைப்பாடவிதானம், மாணவர் நலன், தலைமைத்துவம், பௌதிக வளம், பாடசாலையும் சமூகமும் என எட்டுத் துறைகளிற் பாடசாலை தன்னைத் தானே மதிப்பிடுமாறு வகுக்கப்பட்டமை, மூன்று பாடங்களை மட்டும் அளந்த 1862ஆம் ஆண்டினின்றும் நெடுந்தூரம் முன்னேறியதைக் காட்டுகின்றது.

எனினும் பழைய நோய் புதிய உடையில் வருதல் கூடும். எட்டுத் துறைகள் இருப்பினும் ஊரும் மேலிடமும் முதலில் வினவுவது ஐந்தாந்தரப் புலமைப்பரிசிலில் எத்தனை பேர் என்பதையே. சென்ற ஆண்டுத் திட்டத்தில் ஆண்டை மட்டும் மாற்றி எழுதுவோரும், அயற்பாடசாலைத் திட்டத்தைப் பெயர்த்தெழுதுவோரும் இல்லையென்று கூற நம்மால் இயலுமா?

என் தவறொன்றையும் இவ்விடத்திற் கூறுதல் கடனாகும். எழுவான்கரையிலுள்ள செட்டிபாளையம், மாங்காடு, தேற்றாத்தீவு முதலிய ஊர்களிற் பல குடும்பங்களுக்கு வாழ்வு வாவிக்கு அப்பால் படுவான்கரை வயல்களிலும் உண்டு. ஓராண்டு பெரும்போக அறுவடைக் காலத்தில் என் வகுப்பு மாணவன் ஒருவன் பல நாள் வரவில்லை. வரவுக் குறைவு பற்றிய படிவத்திற் காரணம் எழுதும் நிரலில், பெற்றோரின் அக்கறையின்மை என நான் எழுதினேன். வீட்டுக்குச் சென்று கேட்டேனல்லேன். பின்னர் அறிந்தது வேறு. தந்தை நோயுற்றிருக்க, யானைக் காவலுக்காக அச்சிறுவன் தமையனோடு வயல்வாடியில் இரவுகளைக் கழித்திருந்தான். அவனுக்கு வேண்டியிருந்தது அறிவுரையன்று. தவறிய பாடங்களைக் கற்பிக்கும் இரண்டு வாரங்கள். நான் எழுதிய அந்த ஒரு சொல்லால் அவ்வாண்டுத் திட்டத்திற் பெற்றோர் விழிப்புணர்வுக் கூட்டம் இடம்பெற்றது. அவ்விரண்டு வாரங்கள் இடம்பெறவில்லை.

செட்டிபாளையம் கண்ணகை அம்மன் கோயிற் சடங்குக் காலத்தை அறிந்தோர், வழக்குரை மரபையும் அறிவர். பாண்டியன் கொடியவனல்லன். பொற்கொல்லன் கொண்டுவந்த செய்தி ஒன்றையே நம்பி, நேரில் விசாரியாது தீர்ப்பளித்தமையே அவன் குற்றம். ஒருத்தி சபையேறிக் காரணத்தை உரைத்தபோது கணக்கு மாறிற்று. ஆயின் காலம் கடந்துவிட்டது. அறிக்கையைப் பெறுவோரும் எழுதுவோரும் ஒருங்கே கற்கவேண்டிய பாடம் இதுவாகும்.

ஆகவே வரலாறு நமக்கு உணர்த்துவன மூன்று. கணக்குக் கேட்டல் நன்று. அதனாலேயே மறக்கப்பட்ட பிள்ளையும் எண்ணப்படுகின்றான். கணக்கைப் பணத்தோடும் பெருமையோடும் மட்டும் பிணித்தல் தீது. அளக்கப்படுவது வளர, அளக்கப்படாதது வாடும். கணக்கோடு காரணமும் எழுதப்படுமாயின் மட்டுமே திட்டம் பயன்தரும். மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கையை அதற்கு முன் ஊர்ச்சபையில் வாசிக்கும் வழக்கத்தை ஒவ்வொரு பாடசாலையும் மேற்கொள்ளுமாயின், அதிற் பொய்யும் புனைவும் தாமே நீங்கும். தம் பிள்ளைகளைப் பற்றி எழுதப்பட்டதைக் கேட்கும் பெற்றோரே அதன் மிகச் சிறந்த பரிசோதகர். எண்களை நிரப்புமுன் ஒரு வீட்டின் படலையைத் திறந்து உள்ளே செல்லும் ஆசிரியர், தம் பாடசாலையின் மேம்பாட்டுத் திட்டத்தின் முதல் வரியை எழுதிவிட்டார் எனலாம்.