அபிப்பிராயம் எழுதக் கூடாது: ஓர் ஆசிரியர் பதிவேட்டின் கதை

அக்கா பயிற்சி ஆசிரியராக இருந்த வருஷம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரு சொல் பழகிப்போனது: போர்ட்போலியோ. அம்மாவுக்கு அது வாயில் நுழையவில்லை. "அந்தப் போலியோ முடிஞ்சிச்சா?" என்றுதான் கேட்பார்.

விஷயம் இதுதான். பாடக்குறிப்புகள், வகுப்பறைப் படங்கள், பிள்ளைகளின் வேலைத்தாள்கள், பாடம் நடத்தும் வீடியோ, மேற்பார்வைக்கு வந்தவர் போட்ட புள்ளிகள், ஒவ்வொரு பாடத்துக்கும் பின்னால் "பிரதிபலிப்பு" என்று ஒரு பக்கம். முன்பெல்லாம் தடித்த பைலில் கோத்துக் கொடுத்ததை இப்போது போனில் ஸ்கேன் பண்ணி, பிடிஎப் ஆக்கி, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து, கூகுள் டிரைவில் ஏற்றி லிங்க் அனுப்ப வேண்டும். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. நள்ளிரவுக்குப் பிறகு கிடைக்கும் டேட்டாவில்தான் வீடியோ ஏறும். பண்டாரவளைக் குளிரில் அக்கா போர்வையைப் போர்த்திக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, அந்த நீல வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாங்க.

பிரதிபலிப்பு என்றால், பாடம் முடிந்த பிறகு ஆசிரியர் தன்னையே கேட்டுக்கொள்வது. எது நடந்தது, ஏன் அப்படி நடந்தது, அடுத்த முறை என்ன செய்வேன். அக்கா ஒரு தோட்டப் பள்ளியில் தரம் 4க்குக் கணிதம் எடுத்த நாள் பற்றி எழுதியிருந்தாங்க. பாடம் லீற்றர், மில்லிலீற்றர். வகுப்பில் 14 பேர், அன்றைக்கு வந்தது 9 பேர். லயத்துக்குத் தண்ணீர் வரும் குழாய் உடைந்ததால் மற்ற 5 பேரும் பீலிக்குப் போயிருந்தார்கள். அக்கா எழுதியது: "நான் படம் காட்டி லீற்றர் சொல்லிக்கொடுத்த நேரத்தில், ஐந்து பேர் லீற்றரைச் சுமந்துகொண்டிருந்தார்கள். நாளைக்கு அவர்களுடைய கேனை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லி அதிலிருந்து பாடத்தைத் தொடங்க வேண்டும்."

சமர்ப்பிக்கும் முன் அதைப் பார்த்த ஒருவர் சொன்னாராம், "இதெல்லாம் போட வேணாம், பிரச்சினை வரும். பொதுவா எழுதுங்க." அக்கா மாற்றினாங்க. "மாணவர்கள் ஆர்வத்துடன் பங்குபற்றினர். நேர முகாமைத்துவத்தில் மேலும் கவனம் செலுத்துவேன்." நல்ல புள்ளி கிடைத்தது.

எனக்கு அது மனசில் முள் மாதிரி இருந்தது. ஆசிரியர் தன் வேலையைப் பற்றி எழுதும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது, யாருக்காக வந்தது என்று தேடத் தொடங்கினேன்.

தேடல் 1862இல் போய் நின்றது. அந்த வருஷம் இங்கிலாந்தில் கல்வி மானியத்துக்கான புதிய விதிகள் வந்தன. ரொபர்ட் லோ கொண்டுவந்த அந்த முறைக்குப் 'பெறுபேற்றுக்கேற்ற கொடுப்பனவு' என்று பெயர். பரிசோதகர் வருவார், பிள்ளைகளை வாசிப்பு, எழுத்து, கணக்கில் சோதிப்பார், தேறியவர்களின் கணக்குப்படி பள்ளிக்குக் காசு. அதே விதிகள் ஒவ்வொரு தலைமை ஆசிரியரும் ஒரு சம்பவத் திரட்டுப் புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்றன. நம்முடைய பாடசாலை அதிபர்களின் மேசையில் இன்றும் இருக்கிற அந்தப் புத்தகத்தின் மூதாதை அது. என்ன நடந்தது என்று மட்டும் அதில் எழுத வேண்டும், பொதுவான சிந்தனைகளோ அபிப்பிராயங்களோ எழுதக் கூடாது என்று விதியிலேயே தெளிவாகப் போட்டிருந்தார்கள். ஆசிரியர் கண்ணால் பார்க்கலாம், கையால் எழுதலாம். யோசிப்பது மட்டும் அவர் வேலை இல்லை.

இலங்கைக்கு அந்தக் காற்று வர அதிக காலம் ஆகவில்லை. 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் உருவானது. அடுத்த வருஷமே உதவி பெறும் பள்ளிகளுக்குப் பெறுபேற்றின்படி மானியம் என்ற முறை இங்கும் வந்தது. வித்தியாதரிசி வருகிறார் என்றால் பள்ளிக்கூடமே நடுங்கும்.

தோட்டங்களில் நிலைமை இன்னொரு விதம். 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் போன்ற மிஷனரி முயற்சிகள் இருந்தன. கொஞ்சம் எழுத வாசிக்கத் தெரிந்த ஒருவர் லயத்துக் காம்பராவிலோ மரத்தடியிலோ பிள்ளைகளைச் சேர்த்து வைத்துச் சொல்லிக்கொடுத்த பள்ளிகளும் இருந்தன. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் சட்டம், 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி கொடுக்கும் பொறுப்பைத் தோட்டத்துரையின் தலையில் வைத்தது. பள்ளியை நடத்துவது துரை, ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பது துரை. அதே துரைக்குத்தான் கொழுந்து பறிக்கவும் புல்லு வெட்டவும் ஆள் தேவை. அந்த ஆசிரியர் தன் பதிவேட்டில் என்ன எழுதியிருப்பார்? "இன்றைக்குப் பிள்ளைகள் வரவில்லை, மலைக்குப் போய்விட்டார்கள்" என்று எழுதினால் அதை வாசிப்பது யார்? பிள்ளைகளை மலைக்கு அனுப்பியவர்தான்.

1945இல் இலவசக் கல்வி வந்தது. நாங்கள் எல்லோரும் பெருமையாகச் சொல்லும் விஷயம் அது. ஆனால் தோட்டப் பள்ளிகள் அப்போதும் தோட்டத்தின் கையிலேயே இருந்தன. 1960, 61இல் உதவி பெறும் பள்ளிகளை அரசு எடுத்தபோதும் இவை வெளியே நின்றன. 1970களில் தோட்டங்கள் தேசியமயமான பிறகுதான் பள்ளிகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது. அதுவரை நூறு வருஷத்துக்கும் மேலாக, ஒரே அறையில் பல வகுப்புகளைக் கட்டி மேய்த்த அந்த ஆசிரியர்கள் எப்படிப் பாடம் நடத்தினார்கள், எதில் தோற்றார்கள், என்ன தந்திரம் கண்டுபிடித்தார்கள் என்பதற்கு அவர்களே எழுதிவைத்த பதிவு நமக்குக் கிடைப்பது மிக அரிது. கிடைப்பது பெரும்பாலும் அவர்களைப் பற்றி மற்றவர்கள் எழுதியது: ஆணைக்குழு அறிக்கை, பரிசோதகர் குறிப்பு, துரையின் கடிதம்.

கதை எழுதியவர்கள் வழியாகக் கொஞ்சம் வந்து சேர்ந்தது. 1934இல் பதுளை ஊவாகட்டவளைத் தோட்டத்தில் பிறந்த தெளிவத்தை ஜோசப்பின் தந்தை தோட்டப் பள்ளி ஆசிரியர். ஜோசப் தான் வேலை செய்த தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். 2022இல் அவர் காலமானபோது எங்கள் பக்கத்தில் பலர் வருந்தியதற்கு ஒரு காரணம், இந்த வாழ்க்கையை உள்ளிருந்து எழுதியவர்கள் எண்ணிக்கையில் மிகக் குறைவு என்பது.

அப்படியானால் ஆசிரியர் யோசிக்கலாம், யோசித்ததை எழுதலாம் என்ற எண்ணம் எப்போது வந்தது? 1983இல் டொனால்ட் ஷோன் என்ற அமெரிக்கர், அனுபவமுள்ள தொழில்காரர்கள் வேலை செய்துகொண்டே எப்படிச் சிந்திக்கிறார்கள் என்று ஒரு நூல் எழுதினார். அதன் பிறகு 'பிரதிபலிக்கும் ஆசிரியர்' என்ற பேச்சு கல்வியியலில் பரவியது. 1980களின் நடுவில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் லீ ஷுல்மனும் குழுவினரும் ஒரு கேள்வி கேட்டார்கள்: நல்ல ஆசிரியரைச் சரி, பிழை போடும் வினாத்தாளால் கண்டுபிடிக்க முடியுமா? ஓவியரும் கட்டடக் கலைஞரும் தங்கள் வேலைகளைக் கோவையாக எடுத்துப்போய்க் காட்டுகிற மாதிரி ஆசிரியரும் காட்டட்டும் என்றார்கள். பாடக்குறிப்பு, பிள்ளையின் வேலை, அதைப் பற்றிய ஆசிரியரின் விளக்கம். 1862இன் விதிக்கு இது நேர் எதிர். அபிப்பிராயம் இல்லாவிட்டால் கோவையே இல்லை.

கோவை இணையத்துக்குப் போனது பிறகு. 2006இல் நியூசிலாந்தில் இதற்கென்றே ஒரு இலவச மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார்கள். பெயர் மஹரா. நமக்கு மஹர என்றால் சிறைச்சாலைதான் ஞாபகம் வரும். ஆனால் மாவோரி மொழியில் அந்தச் சொல்லுக்கு 'சிந்தி' என்று பொருள். அந்த மென்பொருளில் கோவை மாணவருடையது. எந்தப் பக்கத்தை யாருக்குக் காட்டுவது என்று முடிவு செய்வதும் அவர்தான்.

ஆனால் கோவைக்குப் புள்ளி போடத் தொடங்கியதும் கதை திரும்பியது. அமெரிக்காவில் பியர்சன் நிறுவனத்தின் வழியாக, பயிற்சி ஆசிரியர்களின் வீடியோவையும் எழுத்தையும் எங்கோ இருக்கும் மதிப்பீட்டாளர்கள் பார்த்துப் புள்ளி போடும் முறை வந்தது. 2012இல், அது சோதனையில் இருந்தபோதே, மசாசுசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் அம்ஹர்ஸ்ட் வளாகத்தில் 68 பயிற்சி ஆசிரியர்களில் 67 பேர் தங்கள் கோவையை அனுப்ப மறுத்தார்கள். எங்கள் வகுப்பறையை ஒரு நாளும் பார்க்காதவர் இருபது நிமிஷ வீடியோவை வைத்து எங்களை எப்படி அறிவார் என்பது அவர்கள் கேள்வி. நியூயோர்க் மாநிலம் இந்தத் தேர்வைக் கட்டாயமாக்கி, 2022இல் கைவிட்டது. எனக்கென்னவோ பழைய வித்தியாதரிசிதான் ஞாபகம் வந்தார். அவராவது பிள்ளைகளின் முகத்தை நேரில் பார்த்தார்.

நம்ம ஊருக்கு வருவோம். 1985இல் தொடங்கிய கல்வியியற் கல்லூரிகள் ஆசிரியர் பயிற்சியின் முகத்தை மாற்றின. 2 வருஷம் விடுதியில் படிப்பு, 3ஆவது வருஷம் ஒரு பாடசாலையில் கட்டுறுப் பயில்வு. பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவயில் ஊவா கல்லூரி இருக்கிறது. பெருந்தோட்டத் தமிழ்ப் பிள்ளைகளை மனதில் வைத்து ஜெர்மன் உதவியோடு ஸ்ரீபாத கல்லூரி பத்தனையில் வந்தது. அக்காமாரும் அண்ணன்மாரும் அங்கே போய் டீச்சராகத் திரும்பியதைப் பார்த்துத்தான் எங்கள் தலைமுறை வளர்ந்தது. இன்னொரு பக்கம், தோட்டப் பள்ளிகளுக்கென்று எடுக்கப்பட்ட ஆசிரிய உதவியாளர்கள் மாதம் 6,000 ரூபா கொடுப்பனவில் வேலையைத் தொடங்கினார்கள். அது பிறகு 10,000 ஆனது. பஸ் காசுக்கே போதாத அந்தப் பணத்தில்தான் பாடக்குறிப்பும் கற்பித்தல் உபகரணமும்.

2021இல் பாடசாலைகள் மூடியிருந்தபோது, பதுளை மாவட்டத்தின் லுணுகலையில் மலை உச்சியில் மரத்தின் மேல் கட்டிய குடிலில் ஏறிப் பிள்ளைகள் சிக்னல் பிடித்த படம் உலகச் செய்திகளில் வந்தது. அந்த நாட்டில், கோவையை மின்கோவையாக அனுப்பு என்று சொல்வது எல்லோருக்கும் ஒரே பாரம் இல்லை. வீடியோ தெளிவில்லை என்று புள்ளி குறைந்தால், குறைவது கற்பித்தலா, டவரா?

இதை எல்லாம் சொல்வதால் மின்கோவையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அது வேண்டும். எங்கள் தோட்டப் பள்ளி ஆசிரியர்கள் தங்கள் வகுப்பறையைப் பற்றித் தாங்களே, தங்கள் பெயரில் எழுதுவதற்கு இவ்வளவு பரவலாகக் கிடைத்த முதல் வாய்ப்பு இதுவாகத்தான் இருக்கும். அதனால்தான் கோபம் வருகிறது. இப்போது அபிப்பிராயம் எழுதக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. எழுது என்றுதான் விதி. அப்படியிருந்தும் பீலிக்குப் போன ஐந்து பிள்ளைகளை நாங்களே அழித்துவிட்டு 'நேர முகாமைத்துவம்' என்று எழுதுகிறோம். ஐம்பது வருஷம் கழித்து ஒருவர் இந்தக் கோவைகளைத் திறந்து பார்த்தால், ஊவாவில் எல்லாப் பிள்ளைகளும் எல்லா நாளும் ஆர்வத்துடன் பங்குபற்றினார்கள் என்றுதான் நினைப்பார்.

பயிற்சிக்குப் போகிற நண்பர்களுக்கு இரண்டு விஷயம். ஒன்று, பிள்ளைகளின் முகம் தெரியும் வீடியோவை லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம் என்று திறந்து வைக்காதீர்கள். பெற்றோரிடம் கேட்டுவிட்டு எடுங்கள், வேலை முடிந்ததும் பூட்டுங்கள். அது உங்கள் கோவைதான், ஆனால் முகம் அவர்களுடையது. இரண்டு, சமர்ப்பிக்கும் பிரதி ஒன்று இருக்கட்டும், உங்களுடைய பிரதி இன்னொன்று இருக்கட்டும். புள்ளிக்காக மாற்ற வேண்டி வந்தால் மாற்றுங்கள், யாரும் உங்களைக் குறை சொல்லப் போவதில்லை. முதலில் எழுதியதை மட்டும் அழிக்காதீர்கள்.

அக்கா அழிக்கவில்லை. இந்தக் கட்டுரைக்காகக் கேட்டபோது போனில் தேடி எடுத்து அனுப்பினாங்க. பைலின் பெயர் 'லீற்றர் பழசு'. அடுத்த நாள் கேனோடு நடந்த பாடம் எப்படிப் போனது என்றும் கீழே ஒரு பக்கம் எழுதியிருக்கிறாங்க. அதை யாரும் கேட்கவில்லை, அதற்குப் புள்ளியும் இல்லை.